கவலைப்படுவதைப் பொறுப்பு என்று நினைத்திருந்தேன்

“என்னுடன் அதே வேலையைச் செய்பவர் எந்தக் கவலையும் இல்லாமல் இருக்கிறார், நான் மட்டும் ஏன் மன அழுத்தத்தில் நொறுங்கிப்போகிறேன்? மன அழுத்தம் என்பது உண்மையில் நம் எண்ணப் பழக்கத்தால் வருவதுதானா?” என்று கேட்டிருக்கிறீர்கள். இதுபோன்ற கேள்விகளை வழக்கமாகப் படித்துவிட்டுக் கடந்துவிடுவேன். “எந்தக் கவலையும் இல்லாமல்” என்ற மூன்று சொற்கள்தான் என்னை நிறுத்தின. ஏனெனில் என் பக்கத்து மேசையில் இருந்தவரைப் பற்றி நானும் ஒரு காலத்தில் இதையே, இதைவிடக் கடுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நீங்கள் பொறுப்பான வேலையில் இருப்பவர், தவறு நேர்ந்தால் மற்றவர்கள் கேட்பதற்கு முன்பே உங்களை நீங்களே கூண்டில் ஏற்றிவிடுபவர், ஞாயிற்றுக்கிழமை மாலையிலேயே திங்கட்கிழமையை வாழத் தொடங்கிவிடுபவர் என்று ஊகிக்கிறேன். ஊகம் தவறென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். என்னை வைத்துத்தான் உங்களை அளக்கிறேன்.

நான் சம்பளப் பிரிவில் பணியாற்றுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் 212 பேருக்கான சம்பளப் பட்டியலை எக்செல் தாளில் தயாரித்தபோது, பெயர்களை அகரவரிசைப்படுத்தும் அவசரத்தில் ஓவர்டைம் பத்தியைத் தேர்வுக்குள் சேர்க்காமல் விட்டுவிட்டேன். பெயர்கள் எல்லாம் இடம் மாறின. ஓவர்டைம் தொகைகள் மட்டும் பழைய வரிசையிலேயே நின்றன. எண்கள் அப்படியே இருந்ததால் கூட்டுத்தொகையில் எந்த மாற்றமும் இல்லை. கூட்டுத்தொகை ஒத்துப்போனால் கையெழுத்திட்டுவிடும் வழக்கம் எங்கள் பிரிவில் இருந்தது. தயாரித்தவர் என்ற இடத்தில் நானும், சரிபார்த்தவர் என்ற இடத்தில் என்னைவிட ஏழெட்டு வயது இளையவரான ஒரு பெண் ஊழியரும் கையெழுத்திட்டோம். வெள்ளிக்கிழமை சம்பளம் வங்கிக் கணக்குகளில் ஏறிய பிறகு, ஒரு மணி நேரம்கூட ஓவர்டைம் பார்க்காத ஒருவர், தனக்கு எப்படி இவ்வளவு வந்தது என்று நேர்மையாக அழைத்துக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அன்று மாலை மேலாளரிடமிருந்து எங்கள் இருவருக்கும் ஒரே குறுஞ்செய்தி வந்தது: “திங்கட்கிழமை காலை 10 மணிக்கு இருவரும் என்னை வந்து பார்க்கவும்.”

அந்தச் செய்தியை எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை. வழக்கமாக “பாருங்கள்” என்று எழுதுபவர் இன்று ஏன் “பார்க்கவும்” என்று எழுதியிருக்கிறார், அந்த ‘வும்’ என்ற விகுதியில் வேலை போவதற்கான அறிகுறி இருக்கிறதா என்று சனிக்கிழமை விடியற்காலை மூன்று மணிக்கு ஆராய்ந்துகொண்டிருந்தேன். மேலாளர் கேட்பதாக ஒரு கேள்வியைக் கற்பனை செய்வேன், அதற்கு ஒரு பதிலைத் தயாரிப்பேன், அந்தப் பதிலுக்கு அவர் முகம் சுளிப்பதைப் பார்ப்பேன், மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவேன். தாடை இறுகி, காலையில் வாயைத் திறக்கும்போது காதோரம் வலித்தது. இவ்வளவுக்கும் நடுவில், வெளியே சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், உள்ளுக்குள் எனக்கு ஒரு பெருமிதமும் இருந்தது. மனசாட்சி உள்ளவன் இப்படித்தான் தவிப்பான் என்று நினைத்தேன்.

அந்தப் பெண் சனிக்கிழமை முற்பகலில் என்னை அழைத்து, “சார், வரிசைப்படுத்துவதற்கு முன்பு இருந்த மூலத் தாள் உங்களிடம் இருக்கிறதா? யாருக்குக் கூடுதலாகப் போயிருக்கிறது, யாருக்குக் குறைந்திருக்கிறது என்று ஒரு பட்டியல் போட்டுவிடலாம் என்று பார்க்கிறேன்” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலையே போகுமோ என்று நான் செத்துக்கொண்டிருக்கும்போது இவருக்குப் பட்டியல் ஒரு கேடா என்று தோன்றியது. கோப்பை அனுப்பிவிட்டு, “திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம்” என்று இரண்டே சொற்களில் முடித்துக்கொண்டேன். பொறுப்பில்லாதவர்கள்தான் இப்படி நிம்மதியாக இருக்க முடியும் என்று வீட்டில் சொல்லவும் செய்தேன்.

திங்கட்கிழமை நடந்தது மொத்தம் பன்னிரண்டு நிமிடம். நான்கு நிமிடம் மேலாளர் திட்டினார், கடுமையாகத்தான் திட்டினார். அதன் பிறகு அந்தப் பெண் தன் பட்டியலை மேசையில் வைக்க, மீதி நேரம் முழுவதும் யாரிடம் எவ்வளவு பிடித்தம் செய்வது, குறைந்தவர்களுக்கு எப்போது கொடுப்பது என்ற பேச்சிலேயே போயிற்று. நான் இரண்டரை நாள் ஒத்திகை பார்த்த பதில்களில் ஒன்றைக்கூட அவர் கேட்கவில்லை. இருவருக்கும் மெமோ வந்தது, இருவருக்கும் ஊதிய உயர்வு ஆறு மாதம் தள்ளிப்போனது. ஆக, பயந்தபடி எதுவும் நடக்கவில்லை என்று முடியும் கதை இதுவல்ல. என் கவலையில் ஒரு பகுதி பலிக்கத்தான் செய்தது. ஆனால் அந்தத் தண்டனையை அந்தப் பெண் ஒரு முறை அனுபவித்தார். நான் முன்னதாக இரண்டரை நாளும், பின்னதாகப் பல மாதங்களும் அனுபவித்தேன்.

இதற்கு உளவியலில் சொல்லப்படும் விளக்கத்தைப் பின்னாளில்தான் படித்தேன். ரிச்சர்ட் லாசரஸ், சூசன் ஃபோக்மன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1984இல் விரிவாக முன்வைத்த கருத்து இது: ஒரு நிகழ்வு அப்படியே மன அழுத்தமாக மாறுவதில்லை; மனம் அதை இரண்டு கேள்விகளால் எடை போடுகிறது. இதில் எனக்கு என்ன ஆபத்து என்பது ஒன்று; இதைச் சமாளிக்க என்னிடம் என்ன இருக்கிறது என்பது மற்றொன்று. முதல் கேள்வியின் விடை பெரிதாகவும் இரண்டாவதன் விடை சிறிதாகவும் இருக்கும்போதுதான் அழுத்தம் உண்டாகிறது. நான் வெள்ளிக்கிழமை மாலை முதல் கேள்விக்குள் நுழைந்தவன், திங்கட்கிழமை காலை வரை வெளியே வரவில்லை. இரண்டாவது கேள்வியை அந்தப் பெண் தொலைபேசியில் என் காதருகே கொண்டுவந்து கொடுத்தும் அதைத் தள்ளிவிட்டேன்.

நிகழ்வு முடிந்த பிறகும் அதையே அசைபோடும் பழக்கத்துக்கு ஒரு தனிச் சான்று உண்டு. சூசன் நோலன்-ஹோக்செமா என்ற உளவியலாளர், ஸ்டான்ஃபோர்ட் மாணவர்கள் தங்கள் வருத்தங்களை எப்படிக் கையாளுகிறார்கள் என்பதை ஒரு கேள்வித்தாள் மூலம் அளந்திருந்தார். இரண்டு வாரம் கழித்து, 1989 அக்டோபர் 17 அன்று, சான் பிரான்சிஸ்கோ பகுதியை லோமா பிரீட்டா நிலநடுக்கம் தாக்கியது. அதன் பிறகு அதே மாணவர்களை மீண்டும் அளந்தபோது, முன்பே அசைபோடும் பழக்கம் கொண்டிருந்தவர்களிடம் பத்து நாள் கழித்தும் ஏழு வாரம் கழித்தும் மனச்சோர்வு அதிகமாக இருந்தது. பழக்கம் முன்னதாகவே அளக்கப்பட்டிருந்ததால், நிலநடுக்கத்தால்தான் அவர்கள் அப்படி ஆனார்கள் என்று தள்ளிவிட முடியாது.

இந்த இடத்தில் சிலர் பின்னூட்டத்தில் என்னைப் பிடித்துக்கொள்வார்கள் என்று தெரியும். “அப்படியானால் எல்லாம் மனசில்தான் இருக்கிறது, நல்லதையே நினைத்தால் போதும் என்கிறீர்களா?” என்பார்கள். அப்படி நான் சொல்லவே இல்லை. அந்த வாசகத்தின் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபமே உண்டு. எங்கள் பிரிவில் இரண்டு இடங்கள் ஓராண்டுக்கு மேல் காலியாக இருந்தபோது, ஆட்களை நியமிப்பதற்குப் பதிலாக ஒரு பயிற்சியாளரை அழைத்து வந்து அரை நாள் வகுப்பு நடத்தினார்கள். சிரித்த முகத்துடன் அவர் எங்களைக் கண்களை மூடச் சொல்லி, “அழுத்தம் வெளியே இல்லை, உங்களுக்குள்தான் இருக்கிறது” என்று மூன்று முறை சொல்ல வைத்தார். அந்த அரை நாளின் வேலையை இரவு எட்டு மணி வரை உட்கார்ந்து முடித்தோம். பிரிட்டனில் 1985இல் தொடங்கிய வைட்ஹால் இரண்டாம் ஆய்வு, 10,308 அரசு ஊழியர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. தம் வேலையைத் தாமே தீர்மானிக்கும் உரிமை குறைவாக இருந்தவர்களுக்கு இதயநோய் ஆபத்து அதிகம் என்று அதில் தெரியவந்தது. சுமையைக் குறைக்க வேண்டியவர்கள் சுமப்பவனின் மனப்பான்மையைத் திருத்தக் கிளம்புவது எனக்கு இன்றுவரை செரிக்கவில்லை. உங்கள் பணியிடமும் அப்படிப்பட்டதாக இருந்தால், உங்களைத் திருத்திக்கொள்வதற்கு முன் அதைத் திருத்த முடியுமா என்று பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மன அழுத்தம் உடலுக்குக் கேடு என்று நம்புவதே கேடு என்று பலர் எழுதுகிறார்கள். 2012இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அழுத்தமும் அதிகம், அது தம் உடல்நலத்தை மிகவும் பாதிக்கிறது என்ற எண்ணமும் உண்டு என்று கூறியவர்களிடம் அகால மரண ஆபத்து 43 சதவீதம் கூடுதலாகக் காணப்பட்டது உண்மைதான். ஆனால் ஏற்கெனவே உடல் நலிந்தவர்கள் அப்படி எண்ணுவதற்குக் காரணம் இருந்திருக்கலாம் அல்லவா? எண்ணம்தான் அவர்களைக் கொன்றது என்று அந்த எண்ணை வைத்துச் சொல்லிவிட முடியாது. எனவே, “அழுத்தத்தைப் பற்றி அழுத்தம் கொள்கிறேனே” என்று மூன்றாவதாக ஒரு கவலையைச் சேர்த்துக்கொள்ளாதீர்கள்.

எனக்கு மாற்றம் வந்தது படித்ததால் அல்ல. வழக்கமான பரிசோதனையில் ரத்த அழுத்தம் கூடுதலாக இருப்பதைக் கண்ட மருத்துவர் என்னை ஓர் உளவியல் ஆலோசகரிடம் அனுப்பினார். மூன்றாவது சந்திப்பில் அவர், “கவலைப்படுவதை நிறுத்தினால் என்ன ஆகும் என்று பயப்படுகிறீர்கள்?” என்று கேட்டார். நான் யோசிக்காமலே, “கவனம் தவறி அடுத்த தவறு நடந்துவிடும்” என்றேன். “முதல் தவறு நடந்த மாதத்தில் நீங்கள் கவலைப்படாமலா இருந்தீர்கள்?” என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அந்த மாதம், அதற்கு முந்தைய மாதம், அதற்கும் முந்தைய மாதம் என்று எல்லா மாதமும் கவலைப்பட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஓவர்டைம் பத்தியை அந்தக் கவலை பார்க்கவில்லை. இப்போது பட்டியல் முடிந்ததும் கண்ணை மூடிப் பத்துப் பெயர்களைத் தொட்டு, அந்தப் பத்துப் பேரின் வருகைப் பதிவேட்டோடு ஒவ்வோர் எண்ணையும் ஒப்பிடுகிறேன். கால் மணி நேரம்கூட ஆவதில்லை. இருபது ஆண்டுக் கவலை செய்யாததை இந்தக் கால் மணி நேரம் செய்கிறது.

ஆலோசகர் கொடுத்த பயிற்சியும் எளிமையானதுதான். தாமஸ் போர்கோவெக் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1983இல் ஆய்வு செய்து வெளியிட்ட முறை அது: நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் அரை மணி நேரம் கவலைப்படுவதற்கென்றே ஒதுக்க வேண்டும்; மற்ற நேரத்தில் கவலை எழுந்தால் அந்த அரை மணி நேரத்துக்கு அதைத் தள்ளிவைக்க வேண்டும். கவலைப்படாதே என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல்தான் வரும். பிறகு கவலைப்பட்டுக்கொள் என்றதால் என் பெருமிதமும் காயப்படவில்லை. மாலை ஆறரைக்கு நோட்டைத் திறந்தால், காலையில் குடலைப் பிடுங்கிய விஷயம் பல நாட்களில் ஒரு வரிக்கு மேல் நீளாது. நீளும் நாட்களும் உண்டு. இரவு மூன்று மணி விழிப்பு இன்னும் முழுமையாகப் போகவில்லை. மாதக் கடைசியில் கட்டாயம் வரும்.

உங்கள் கேள்வியின் முதல் பாதிக்கு, அதாவது எந்தக் கவலையும் இல்லாத அந்தச் சக ஊழியருக்கு, கடைசியாக வருகிறேன். அந்தப் பெண் இரண்டு ஆண்டு கழித்து வேறு பிரிவுக்கு மாறிப்போனார். விடைபெறும்போது, அந்த வார இறுதியில் அவரால் எப்படி அவ்வளவு அமைதியாக இருக்க முடிந்தது என்று ஒருவழியாகக் கேட்டேன். அவர் என்னை வியப்புடன் பார்த்தார். சனிக்கிழமை காலை என்னை அழைப்பதற்கு முன் இரண்டு முறை வாந்தி எடுத்ததாகவும், சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்ததால்தான் பட்டியல் போட உட்கார்ந்ததாகவும் சொன்னார். “நீங்கள் ‘திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள், சார். இவரால் மட்டும் எப்படி இவ்வளவு நிம்மதியாக இருக்க முடிகிறது என்று அன்று முழுவதும் எனக்கு உங்கள் மேல் பொறாமை.”