வாயிற்காவலரின் கோட்டு: கடிதம்

அன்புள்ள ஐயா,

ஜெர்மன் இயக்குநர் முர்னாவின் 'தி லாஸ்ட் லாஃப்' என்ற மௌனப்படம் பார்த்தேன். ஹோட்டல் வாசலில் நிற்கும் கிழவர், முதலாளி மாட்டிவிட்ட கோட்டுக்காக இப்படி உடைந்துபோவது அடிமைப் புத்தி என்றே பட்டது. என் அப்பாவும் வாட்ச்மேன்தான். வீட்டுக்கு வந்தும் சீருடையைச் சீக்கிரம் கழற்றமாட்டார், எனக்கு எரிச்சலாக வரும். கடைசியில் கிழவர் பணக்காரராவது ஸ்டுடியோ சொல்லி ஒட்டவைத்ததா?

எம்.

அன்புள்ள எம்.,

முடிவைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். கதாசிரியர் இரக்கப்பட்டு வைத்தது என்று படமே எழுத்துப் போட்டுச் சொல்லிவிடுகிறது, விடுங்கள். என்னைத் தைத்தது 'அடிமைப் புத்தி'தான். அப்பாவைப் பற்றி எழுதிய கையோடு அதை எப்படி எழுத மனம் வந்தது?

1924-ல் வந்த படம். மழையில் கனத்த பெட்டியைத் தூக்கிவிட்டு மூச்சுவாங்க உட்கார்ந்தவரை மேனேஜர் பார்த்துவிடுகிறார். உடனே கழிவறை வேலைக்கு மாற்றம். கோட்டை உருவும்போது ஒரு பொத்தான் அறுந்து விழுகிறது. அதுவரை நெஞ்சு நிமிர்த்தி நின்ற கிழவர், அதாவது நடிகர் எமில் யானிங்ஸ், நம் கண்ணெதிரே கூனிப்போகிறார்.

ஹோட்டலுக்கு அந்தக் கோட்டு அலமாரியில் மாட்டுகிற சாமான், அவ்வளவுதான். அதற்கு மரியாதை கொடுத்தது அவர் குடியிருக்கும் ஏழைகளின் முற்றம். அங்கேதான் சல்யூட். கல்யாண வீட்டுக்காக ராத்திரியில் அதைத் திருடுகிறாரே, மேனேஜர் பார்க்கவா? அக்கம்பக்கம் பார்க்க. விஷயம் தெரிந்ததும் அதே அக்கம்பக்கம்தான் ஜன்னலில் நின்று சிரிக்கிறது. முதலாளியைத் திட்டுவதாக நினைத்துக்கொண்டு நீங்களும் அந்த ஜன்னலில்தான் போய் நிற்கிறீர்கள்.

1928-ல் ஸ்டெர்ன்பெர்க் எடுத்த 'தி லாஸ்ட் கமாண்ட்' படத்திலும் இதே யானிங்ஸ்தான். ரஷ்யப் படைத் தளபதியாக இருந்தவர் ஹாலிவுட்டில் துணை நடிகராகி, தளபதி வேஷத்தில் பதக்கத்தை எங்கே குத்துவது என்று உதவி இயக்குநரோடு வாதாடுகிறார். அவருக்குப் பணிய ஒரு படை கிடையாது, கும்பிட ஒரு முற்றம் கிடையாது, ஆனாலும் பதக்கம் சரியான இடத்தில் இருக்கவேண்டும். இதற்கு உங்கள் வார்த்தை பொருந்துகிறதா, சொல்லுங்கள்.

அப்புறம் நீங்கள் கேட்ட அந்த முடிவில், சூட் போட்டு உட்கார்ந்து விருந்து சாப்பிடுகிறவர் பக்கத்தில் இருப்பது இரவுக் காவலர். கிழவர் கழிவறையில் ஒடுங்கிக் கிடந்தபோது தன் கோட்டைக் கழற்றிப் போர்த்திய ஒரே ஆள். அதை விட்டுவிட்டு ஸ்டுடியோவைத் தேடுகிறீர்கள்.

அப்பாவையும் உட்காரவைத்து இன்னொரு தரம் பாருங்கள். எழுத்து அட்டைகூட அதிகம் இல்லாத படம், அவருக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.