ஆவ் ஒன்பதும் ஓய்வுநாளும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

லண்டன் யூதர்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில், எருசலேம் ஆலயம் இடிக்கப்பட்டதை நினைத்து அவர்கள் ஆண்டுக்கு ஒருநாள் தண்ணீர்கூட அருந்தாமல் தரையில் அமர்ந்து துக்கம் காக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு இரண்டு ஐயங்கள். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய இழப்புக்காக இன்று ஒருவரால் மெய்யாகவே துக்கப்பட முடியுமா? அது வெறும் சடங்காகவோ, அதைவிட மோசமாக, பழைய பகையை ஆறவிடாமல் வைத்திருக்கும் வழியாகவோ ஆகிவிடாதா? அடுத்து, எங்கள் வீட்டில் விரதம் என்பது அவரவர் தனியாகக் கடைப்பிடிப்பது. அம்மா ஏகாதசி இருப்பது பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. இவர்கள் ஏன் அதற்கும் ஓரிடத்தில் கூட வேண்டும்?

எம்., தஞ்சாவூர்

அன்புள்ள எம்.,

இரண்டாவது கேள்விக்கு விடை சொன்னால் முதல் கேள்வியில் பாதி தீர்ந்துவிடும் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். யூத வாழ்வைத் தாங்குவது ஆண்டுப் பண்டிகைகளைவிட வாரம்தான் என்பது என் எண்ணம். வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்குச் சற்று முன் தொடங்கி சனி இரவு விண்மீன்கள் தெரியும்வரை நீளும் ஓய்வுநாளில் வைதிக யூதர்கள் வண்டியில் ஏறுவதில்லை. அதனால் ஜெபாலயத்துக்கு நடந்து போகும் தொலைவில்தான் வீடு பார்க்கிறார்கள். அதனால் வாரந்தோறும் பக்கத்து இருக்கையில் அமர்பவரே கடையிலும் பள்ளிக்கூட வாசலிலும் எதிர்ப்படுகிறார். ஓய்வுநாளில் வீட்டுக்கு வெளியே எதையும் சுமந்து செல்லக் கூடாது என்ற விதியும் உண்டு. நான் வசித்த வடமேற்கு லண்டனில், அந்த விதியை மீறாமலே குழந்தைகளைத் தள்ளுவண்டியில் அழைத்து வருவதற்காக, கம்பங்களும் கம்பிகளும் நட்டு ஹெண்டன், கோல்டர்ஸ் கிரீன் முதலிய குடியிருப்புகளை ஒரே வளாகமாகச் சூழ்ந்து எல்லை கட்டியிருக்கிறார்கள். நெடுங்கால எதிர்ப்புகளைத் தாண்டி 2003இல் அது நடைமுறைக்கு வந்தது. அதுவரை விதியைக் கண்டிப்பாகக் காத்த குடும்பங்களில் கைக்குழந்தை வைத்திருந்த தாய்மார்கள் சனிக்கிழமைகளில் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள்.

ஜெபாலயத்தில் முழுமையான வழிபாடு நடக்கப் பத்துப் பேர் வேண்டும். வைதிகப் பிரிவினர் ஆண்களை மட்டும் எண்ணுவார்கள். மற்றப் பிரிவுகளில் பெண்களும் சேர்த்தி. இந்தப் பத்து என்ற கணக்குதான் உங்கள் ஐயத்துக்கு நேரடியான விடை. தாயையோ தந்தையையோ இழந்தவர் பதினொரு மாதம் கடீஷ் என்ற ஜெபத்தைச் சொல்ல வேண்டும். அதை அவர் தனியாகச் சொல்ல முடியாது. இன்னும் ஒன்பது பேர் காலையிலும் மாலையிலும் தங்கள் வேலையை விட்டு வந்து அவரோடு நின்று 'ஆமென்' சொன்னால்தான் அது ஜெபமாகும். துக்கம் சொந்தமானது, ஆனால் அதைத் தாங்குவது ஊரின் கடமை என்பதை இதைவிடக் கறாராக விதித்த வேறொரு மரபை நான் அறியேன்.

சனிக்கிழமை காலை யூதர்களின் மறைநூலான தோராவின் அந்த வாரத்துக்குரிய பகுதி வாசிக்கப்படும். ஐந்து ஆகமங்களும் 54 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு ஓராண்டில் வாசித்து முடிக்கப்படுகின்றன. ஒவ்வொரு வாரமும் ஏழு பேர் பெயர்சொல்லி மேடைக்கு அழைக்கப்படுகிறார்கள். வழிபாடு முடிந்ததும் திராட்சரசத்தின் மேல் ஆசி சொல்லிவிட்டு எல்லாரும் நின்றபடியே சாப்பிடுவார்கள். அங்கே பெரும்பாலும் சோலண்ட் இருக்கும்: வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் அடுப்பில் ஏற்றி, ஓய்வுநாளில் தீ மூட்டக் கூடாதென்பதால் இரவெல்லாம் சிறுதீயிலேயே கிடந்து பழுப்பேறிய பீன்ஸ், பார்லி, உருளைக்கிழங்கு, இறைச்சிக் குழம்பு. வேலை போனவர், பெண்ணுக்கு வரன் தேடுபவர், அறுவைசிகிச்சைக்கு நாள் குறித்தவர் எல்லாருடைய செய்தியும் அந்தத் தட்டுகளைச் சுற்றித்தான் கைமாறும்.

யூத நாட்காட்டியின் ஆவ் மாதம் ஒன்பதாம் நாள் இரவில் தரையில் அமர்பவர்கள் இந்த மனிதர்களே. பாபிலோனியர் முதல் ஆலயத்தையும், கி.பி. 70இல் ரோமானியர் இரண்டாம் ஆலயத்தையும் அழித்ததற்கான துக்கநாள் அது; நம் நாட்காட்டியில் ஜூலையிலோ ஆகஸ்டிலோ வரும். அஸ்தமனத்திலிருந்து மறுநாள் இருட்டும்வரை ஏறத்தாழ 25 மணிநேரம் உணவும் நீரும் இல்லை. குளிப்பதும், எண்ணெயோ நறுமணமோ பூசுவதும், தோல் செருப்பு அணிவதும், தாம்பத்தியமும் இல்லை. நோயாளிகளுக்கு விலக்கு உண்டு. தோராச் சுருள்களை வைக்கும் பேழையின் முன் தொங்கும் திரையைப் பல இடங்களில் கழற்றிவிடுவார்கள். கோட்டும் துணிக் காலணியுமாக வந்தவர்கள் விளக்குகளைத் தணித்து, மெழுகுவர்த்தியையோ சிறு டார்ச்சையோ பிடித்துக்கொண்டு எரேமியாவின் புலம்பல் என்னும் நூலைத் தாழ்ந்த ராகத்தில் வாசிப்பார்கள். ஒருவருக்கொருவர் முகமன் கூறக் கூடாது. வாரந்தோறும் 'ஷபாத் ஷாலோம்' என்று ஓய்வுநாள் வாழ்த்துச் சொல்லிக் கைகுலுக்கிய அதே ஆட்கள் அன்று பேசாமல் எழுந்து பேசாமல் கலைந்து போவதைப் பார்க்கும்போதுதான் அந்த விதியின் கனம் தெரியும். முன்பின் அறியாதவர்கள் பேசாமலிருப்பதில் துக்கம் ஒன்றும் இல்லை.

உண்மையில் ஓய்வுநாள் இந்த நோன்பைவிட உயர்ந்தது. ஆவ் ஒன்பது சனிக்கிழமையில் வந்தால் நோன்பு ஞாயிற்றுக்குத் தள்ளிப்போகும். ஓய்வுநாளையும் மீறி நிற்பது யோம் கிப்பூர் என்னும் பாவநிவிர்த்தி நோன்பு மட்டுமே. 2022இல் ஆவ் ஒன்பது அப்படிச் சனிக்கிழமையில் வந்தது. அந்தச் சனிக்கிழமை அவர்கள் இறைச்சியும் திராட்சரசமும் கொண்டார்கள். அத்தகைய நாளில் சாலமோன் அரசனின் விருந்தைப் போலவே பரிமாறலாம் என்று யூதச் சட்ட விளக்க நூலான தல்மூத் சொல்கிறது. இருட்டியதும் தோல் காலணிகளைக் கழற்றிவிட்டுத் தரையில் அமர்ந்தார்கள். ஓய்வுநாளை வழியனுப்பும் சடங்கில் விளக்குக்கான ஆசியை மட்டும் அன்றிரவு சொல்லி, திராட்சரசத்தை மறுநாள் நோன்பு முடியும்வரை ஒத்திவைத்தார்கள். வாரத்தின் மகிழ்ச்சியை ஆண்டின் பெருந்துக்கம்கூட விழுங்கிவிடக் கூடாது என்று இந்த மரபு முடிவெடுத்திருக்கிறது. அந்தத் துக்கம் இத்தனை காலம் நீடித்ததற்கு நான் காணும் காரணமும் இதுதான். வாரந்தோறும் சேர்ந்து உண்டு சேர்ந்து வாசிக்கும் ஒரு கூட்டம் இருந்ததால், சேர்ந்து அழவும் ஆட்கள் இருந்தார்கள்.

இனி உங்கள் முதல் கேள்வி. மெய்யாகவே கண்ணீர் வருகிறதா என்றால், பலருக்கு வருவதில்லை. மரபு அதைக் கட்டாயப்படுத்தவும் இல்லை. அது கேட்பது நாற்காலியையும் காலணியையும் தண்ணீரையும் விட்டுக்கொடுப்பதைத்தான். மேலும் அன்று காலை பாடப்படும் இரங்கற்பாக்கள் ஆலயத்தோடு நிற்பவை அல்ல. 1096இல் சிலுவைப்போர்க் கும்பல்கள் ரைன் நதிக்கரை நகரங்களில் நடத்திய படுகொலைகளும், 1242இல் பாரிசில் வண்டி வண்டியாகத் தல்மூத் ஏடுகள் எரிக்கப்பட்டதும், பின்னர் ஹிட்லரின் முகாம்களும் அவற்றில் சேர்ந்துள்ளன. தாத்தா பாட்டியை அந்த முகாம்களில் இழந்த ஒருவர் அங்கே அமர்ந்திருக்கும்போது அதை ஈராயிரம் ஆண்டு பழைய துக்கம் என்று எப்படிச் சொல்வது? எல்லாரும் ஒரே மாதிரி ஏற்றுக்கொண்டவர்களும் அல்லர். அமெரிக்கச் சீர்திருத்த யூதர்கள் 1885இன் பிட்ஸ்பர்க் பிரகடனத்தில், தாங்கள் ஆலயத்துப் பலிவழிபாடு மீளும் என எதிர்பார்க்கவில்லை என்று வெளிப்படையாகவே அறிவித்தார்கள். 1967 போரில் எருசலேமின் பழைய நகர் இஸ்ரேல் வசமான பின், எருசலேமைப் பாழடைந்த நகரென்று வருணிக்கும் அந்நாளின் ஜெபத்தை மாற்ற வேண்டுமென்று ரபி ஷ்லோமோ கோரன் போன்றோர் முயன்றதும், மற்றவர்கள் அதை ஏற்க மறுத்ததும் உண்டு.

பகையைப் பற்றிய உங்கள் ஐயத்தை நான் மிக மதிக்கிறேன். அதற்கு மரபே சொல்லும் விடை வியப்பானது: இரண்டாம் ஆலயம் அழிந்ததற்குக் காரணம் யூதர்கள் ஒருவர்மேல் ஒருவர் காரணமின்றி வைத்திருந்த வெறுப்பு என்கிறது தல்மூத். எருசலேமில் ஒருவர் விருந்து வைக்கிறார். கம்ட்சா என்ற நண்பரை அழைத்துவரச் சொல்ல, வேலைக்காரர் தவறுதலாக பார் கம்ட்சா என்ற பகைவரை அழைத்து வந்துவிடுகிறார். வந்தவர், தான் உண்பதற்குப் பணம் தருகிறேன் என்கிறார். பாதி விருந்தின் செலவையும், பிறகு முழு விருந்தின் செலவையுமே ஏற்கிறேன் என்கிறார். விருந்தளிப்பவர் கேளாமல் கையைப் பிடித்து வெளியே தள்ளுகிறார். அறிஞர்கள் அங்கே அமர்ந்திருந்தும் வாய்திறக்கவில்லை. அவமானப்பட்டவர் ரோமானியரிடம் போய்க் கோள்சொல்ல, அழிவு தொடங்குகிறது. தோரா படிப்பதே விலக்கப்பட்ட அந்நாளில் படிக்க அனுமதிக்கப்பட்ட மிகச் சில பகுதிகளில் இதுவும் ஒன்று. ஒரு மக்கள்கூட்டம் தன் மிகப் பெரிய துக்கநாளில் எதிரியைச் சபிப்பதைவிட, தங்கள் பந்தியில் ஒருவன் அவமதிக்கப்பட்டபோது பெரியவர்கள் பேசாமல் இருந்ததை முதன்மையாக எண்ணிப்பார்க்கிறது. சனிக்கிழமைதோறும் ஒரே மேசையைச் சுற்றி நிற்பவர்களுக்கு அந்தக் கதை எங்கே தைக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம். இன்று எருசலேமில் அந்த ஆலயம் இருந்த இடமான அல் அக்சா வளாகத்துக்குள் செல்வதற்கான நாளாகச் சிலர் இதே நோன்பைப் பயன்படுத்துவதும், அங்கே ஆண்டுதோறும் பதற்றம் எழுவதும் உண்மை. அது அந்தக் கதை காட்டும் திசைக்கு நேர் எதிரானது என்றே நான் கருதுகிறேன்.

துக்கத்துக்கு எல்லையும் உண்டு. நண்பகலுக்குப் பின் நாற்காலிகளில் அமரலாம். காலையில் விட்ட ஜெபச் சால்வையைப் பிற்பகல் வழிபாட்டில் அணிவார்கள். அடுத்த ஓய்வுநாளிலிருந்து ஏழு வாரங்களுக்கு ஏசாயாவின் ஆறுதல் பகுதிகள் வாசிக்கப்படும்.

சேர்ந்து கூட ஆட்கள் இல்லாவிட்டால் நோன்பும் நிற்காது என்பதற்கு நமக்கு அருகில் உள்ள சான்று கொச்சி. மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டப்பட்ட பரதேசி ஜெபாலயம் இன்றும் அழகாகப் பேணப்படுகிறது. சேந்தமங்கலம், பறவூர் ஜெபாலயங்கள் அருங்காட்சியகங்களாகிவிட்டன. ஆனால் அங்கிருந்த யூதர்களில் பெரும்பாலோர் 1950களிலும் மற்றவர்கள் பின்னரும் குடிபெயர்ந்துவிட, உள்ளூர்க்காரர்களிலிருந்து பத்து ஆண்களைத் திரட்ட முடியாமல் வார வழிபாடு மட்டாஞ்சேரியில் அறுபட்டுப்போயிற்று. கட்டடம் இருந்தும் அங்கே முறையாக நோன்பிருக்க ஊர் இல்லை. இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் நெவாதிம் என்ற குடியிருப்பில் போய்க் குடியேறிய கொச்சி யூதர்களோ, தங்கள் பழைய ஜெபாலயத்தின் சாயலிலேயே ஒன்றைக் கட்டிக்கொண்டு அங்கே கூடுகிறார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்