உயரம் குறைந்தவருக்குக் கூடைப்பந்தில் என்ன வேலை? – விளையாட்டுக் கேள்வி பதில்

கூடைப்பந்தில் பந்தைக் கொண்டு சென்று ஆட்டத்தை நடத்தும் ‘கார்டு’ இடத்தில் ஆடுபவர்களின் தொழில்முறை வாழ்க்கை குறித்துக் காவிரி டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம். பெயர் வெளியிட வேண்டாம் என்று சிலர் கேட்டிருப்பதால் எல்லோருக்கும் ஊர்ப் பெயரை மட்டும் தந்திருக்கிறோம்.

என் மகனுக்கு 15 வயது. உயரம் 5 அடி 4 அங்குலம். பள்ளி அணியில் கார்டாக ஆடுகிறான். “இந்த உயரத்துக்குக் கூடைப்பந்தா, பேசாமல் கேரம் ஆடச் சொல்லுங்கள்” என்று உறவினர்கள் கேலி செய்கிறார்கள். உடற்கல்வி ஆசிரியரோ, விட்டுவிட வேண்டாம் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
– ஒரு தந்தை, தஞ்சாவூர்

ஆசிரியர் பேச்சைக் கேளுங்கள். ஆனால் உறவினர்கள் சொல்வதை முற்றிலும் தவறு என்று தள்ளிவிடவும் முடியாது.

வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் இருப்பதால், இந்த ஆட்டமே நெட்டையானவர்களுக்கானது என்ற எண்ணம் பரவியிருக்கிறது. வளையத்துக்கு அடியில் நிற்கும் சென்டருக்கு அது பொருந்தும். கார்டின் வேலையோ வளையத்திலிருந்து வெகு தூரத்தில் தொடங்குகிறது. பந்தைத் தன் பாதியிலிருந்து 8 விநாடிக்குள் எதிர்ப் பாதிக்குக் கொண்டு செல்ல வேண்டும். 24 விநாடிக்குள் யாராவது ஒருவர் வளையத்தை நோக்கி எறிந்தாக வேண்டும். அந்த இடைவெளியில் யாருக்கு, எந்தக் கணத்தில், எந்தக் கையின் பக்கம் பந்து போய்ச் சேர வேண்டும் என்று முடிவெடுப்பவர் கார்டுதான். கை தரைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ, அவ்வளவு குறைந்த நேரமே பந்து கையை விட்டு வெளியே இருக்கும் என்பதால், பந்தைத் தட்டிச் செல்வதில் குள்ளமானவருக்குச் சற்றுச் சாதகமும் உண்டு.

அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியான என்.பி.ஏ. லீகில் ஆடியவர்களிலேயே மிகக் குள்ளமானவர் மக்ஸி போக்ஸ். அவருடைய உயரம் 5 அடி 3 அங்குலம், அதாவது 160 சென்டிமீட்டர். உங்கள் மகனைவிட ஓர் அங்குலம் குறைவு. 1987இல் புதிய ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுத்தபோது 12ஆவது ஆளாகத் தேர்வு செய்யப்பட்டு, 14 சீசன்கள் ஆடினார். முதல் ஆண்டில் அவருடைய அணியிலேயே 231 சென்டிமீட்டர் உயரமுள்ள மனூட் போலும் இருந்தார். இருவரும் அருகருகே நிற்கும் படத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள், போக்ஸிடம் பந்தைப் பறிகொடுத்த பிறகு சிரித்திருக்க மாட்டார்கள்.

உறவினர்கள் பேச்சில் உள்ள உண்மை என்னவென்றால், போக்ஸ் ஒரு விதிவிலக்கு. அந்த லீகில் இன்று ஆடும் கார்டுகளில் பெரும்பாலோர் ஆறடியைத் தாண்டியவர்கள். ஆகவே உங்கள் மகனின் உயரத்தை அளந்துகொண்டிருக்காமல், அவன் ஆடுவதை ஒரு மாலை நேரத்தில் ஓரமாக நின்று பாருங்கள். நம் பக்கத்துப் பள்ளிகளில் பெரும்பாலும் சிமெண்ட் தளம்தான். அதன் மேல் காற்றில் வந்து படிந்த மணல் இருக்கும். பந்தும் தோல் தேய்ந்து வழவழவென்று ஆகியிருக்கும். அத்தகைய தளத்தில் பந்து எதிர்பாராத பக்கம் எகிறும்போது, அவன் குனிந்து பந்தைப் பார்க்கிறானா, அல்லது கை தானாகச் சரிசெய்துகொள்ள, கண் சக ஆட்டக்காரர்கள் மேலேயே இருக்கிறதா என்று கவனியுங்கள். இடது கையாலும் அப்படியே ஆடுகிறான் என்றால் ஆசிரியர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பதினைந்து வயதுப் பையன் இன்னும் வளரவும் கூடும்.

ஒரு தொழில்முறை கார்டின் வாழ்க்கை எப்படித் தொடங்கி எப்படி முடிகிறது? சிலர் நாற்பது வயது வரை ஆடுகிறார்கள். சிலர் இருபத்தைந்திலேயே மங்கிவிடுகிறார்கள். காரணம் என்ன?
– கல்லூரி மாணவி, கும்பகோணம்

என்.பி.ஏ.யில் நுழைவதற்கான வழக்கமான வாசல், அணிகள் புதியவர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் ‘டிராஃப்ட்’; இது ஆண்டுதோறும் நடக்கிறது. இரண்டு சுற்றுகளில் சுமார் 60 பேர் எடுக்கப்படுகிறார்கள். முதல் சுற்றில் வருபவருக்கு முதல் இரண்டு ஆண்டுச் சம்பளம் உறுதி. இரண்டாம் சுற்றுக்காரருக்கு அத்தகைய உத்தரவாதம் கிடையாது. எடுக்கப்படாதவர்களும் பின்வாசல் வழியாக வந்து சேர்வது உண்டு. 2016இல் எந்த அணியும் தேர்வு செய்யாத ஃப்ரெட் வான்வ்லீட், 2019இல் டொராண்டோ அணியுடன் சாம்பியன் ஆனார். மறு ஆண்டே நான்கு ஆண்டுகளுக்கு 8.5 கோடி டாலர் ஒப்பந்தம் பெற்றார். அவரும் ஒரு கார்டுதான், உயரம் 183 சென்டிமீட்டர்.

உங்கள் கேள்வியின் இரண்டாம் பகுதிதான் முக்கியமானது. இளம் கார்டு பெரும்பாலும் வேகத்தை நம்பி ஆடுகிறார். ஓடிவந்து சட்டென்று நின்று, எதிராளி தடுமாறும் நேரத்தில் மீண்டும் பாய்வதுதான் அவருடைய மூலதனம். அந்தப் பாய்ச்சலின் சுமை முழுவதும் முழங்கால், கணுக்கால், இடுப்பு ஆகியவற்றின் மேல் விழுகிறது. டெரிக் ரோஸ் 2011இல், 22 வயதில், லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றார். அவ்வளவு இளம் வயதில் அதைப் பெற்றவர் வேறு யாரும் இல்லை. 2012 ஏப்ரலில் அவருடைய இடது முழங்காலின் தசைநார் அறுந்தது. அதன் பிறகும் 2024இல் ஓய்வு பெறும் வரை பல அணிகளில் ஆடினார், 2018இல் ஒரே ஆட்டத்தில் 50 புள்ளிகள்கூட எடுத்தார் என்றாலும், பழைய ரோஸ் திரும்பி வரவே இல்லை.

ஐசையா தாமஸின் கதை இன்னும் கடுமையானது. 175 சென்டிமீட்டர் உயரமுள்ள அவர், 2011 தேர்வில் 60ஆவதாக, அதாவது கடைசி ஆளாக எடுக்கப்பட்டார். 2016–17 சீசனில் பாஸ்டன் அணிக்காக ஆட்டத்துக்குச் சராசரியாக 28.9 புள்ளிகள் குவித்தார். இடுப்பில் காயம்பட்ட நிலையில், அந்தக் கோடையிலேயே வேறு அணிக்கு மாற்றப்பட்டார். எதிர்பார்த்திருந்த பெரிய ஒப்பந்தம் கைக்கு எட்டவில்லை. அடுத்த ஆண்டுகள் குறைந்தபட்சச் சம்பளத்துக்கும் பத்து நாள் ஒப்பந்தங்களுக்கும் ஊர் ஊராகப் போவதில் கழிந்தன.

நீண்ட காலம் ஆடியவர்களைப் பார்த்தால், அவர்கள் எல்லோரும் நடுவில் ஒருமுறை தங்கள் ஆட்டத்தையே மாற்றி அமைத்துக்கொண்டிருப்பது தெரியும். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஜேசன் கிட். 1994இல் இரண்டாவது ஆளாகத் தேர்வான அவருக்குத் தொலைவிலிருந்து எறிவது பலவீனமாக இருந்தது. அவருடைய பெயரின் ஆங்கில முதல் எழுத்தான ‘ஜே’யை (J) நீக்கி, ‘ஜம்ப் ஷாட்’ (துள்ளி எறிதல்) இல்லாதவர் என்னும் பொருளில் ‘ஏசன்’ என்று கிண்டல் செய்தார்கள். வேகம் குறையக் குறைய அவர் அந்தக் குறையை உட்கார்ந்து களைந்தார். 2011இல், 38 வயதில், டல்லாஸ் அணியுடன் சாம்பியன் ஆனார். 2013இல் ஓய்வு பெற்றபோது, தொலைவிலிருந்து எறிந்து எடுக்கும் மூன்று புள்ளி எறிதல்களின் எண்ணிக்கையில் லீகின் வரலாற்றிலேயே மூன்றாம் இடத்தில் இருந்தார். கிண்டல் செய்தவர்களுக்கு இதைவிட நாகரிகமான பதில் இருக்க முடியாது.

ஸ்டெஃபன் கரியும் இந்த வரிசையில் சேர்பவரே. இன்று அவரைக் கொண்டாடுகிறவர்களில் பலருக்கு, 2011–12 சீசனில் கணுக்கால் காயத்தால் அவர் 26 ஆட்டங்கள்தான் ஆடினார் என்பது நினைவிருக்காது. நான்கு ஆண்டுகளுக்கு 4.4 கோடி டாலர் என்ற ஒப்பந்தத்தை 2012இல் அவர் ஏற்றுக்கொண்டதற்கு அந்தக் கணுக்காலே காரணம். அவர் தரத்துக்கு அது மலிவு. திசை மாறும்போது விழும் பாரத்தைக் கணுக்காலிலிருந்து இடுப்புக்கும் தொடைக்கும் மாற்றும் பயிற்சியை அவர் மேற்கொண்டார். பிறகு 2015, 2016 ஆண்டுகளில் சிறந்த ஆட்டக்காரர் விருதும், 2015, 2017, 2018, 2022 ஆண்டுகளில் சாம்பியன் பட்டமும் வந்தன. 2021 டிசம்பரில் ரே ஆலனின் 2,973 மூன்று புள்ளி எறிதல்கள் என்ற சாதனையைக் கடந்தார்.

ஆக, இருபத்தைந்தில் மங்குவது எல்லா நேரமும் ஆட்டக்காரரின் குற்றம் அல்ல. அறுந்த தசைநாருக்கு உழைப்பால் ஈடு செய்துவிட முடியாது. காயத்திலிருந்து மீண்டவர்களுக்குள் யார் நிலைக்கிறார்கள் என்பதை மட்டும், காலை நம்பாமல் கண்ணையும் கையையும் நம்பி ஆடத் தெரிகிறதா என்பது தீர்மானிக்கிறது.

பாயிண்ட் கார்டு, ஷூட்டிங் கார்டு என்ற பிரிவு இன்னும் இருக்கிறதா?
– மன்னார்குடி

பெயரளவில் இருக்கிறது. ஆட்டத்தை நடத்துபவர் முன்னவர், எறிந்து புள்ளி எடுப்பவர் பின்னவர் என்பது பழைய பாகுபாடு. கரியைப் போன்றவர்கள் இரண்டையும் செய்வதால் கோடு அழிந்துகொண்டே வருகிறது. பள்ளி அணிகளில் மட்டும் இந்தப் பாகுபாட்டை வைத்திருப்பது நல்லது. இல்லாவிட்டால் ஐந்து பேரும் எறிவதற்கே நிற்பார்கள்.

ஸ்டீவ் நாஷ், ஜான் ஸ்டாக்டன் ஆகியோர் ஒரு முறைகூடச் சாம்பியன் ஆனதில்லை. அவர்களை ஏன் இவ்வளவு புகழ்கிறார்கள்?
– மயிலாடுதுறை

ஐந்து பேர் ஆடும் ஆட்டத்தில் பட்டத்தை ஒருவர் தலையில் மட்டும் கட்டிப் பார்ப்பது சரியான அளவுகோல் அல்ல. ஸ்டாக்டன் 1984 முதல் 2003 வரை 19 சீசன்களும் யூட்டா ஜாஸ் என்ற ஒரே அணிக்காக ஆடினார். அத்தனை ஆண்டுகளில் அவர் ஆடாமல் விட்ட ஆட்டங்கள் 22 மட்டுமே. அவர் கொடுத்த பந்தைப் பெற்றுச் சக ஆட்டக்காரர் நேராகப் புள்ளி எடுத்த ‘அசிஸ்ட்’ எண்ணிக்கை 15,806. எதிராளியிடமிருந்து பறித்த பந்துகள் 3,265. இரண்டுமே இன்றுவரை யாரும் தொடாத எண்கள். 1997, 1998 இறுதிச் சுற்றுகளில் மைக்கேல் ஜோர்டனின் சிகாகோ எதிரில் நின்றது அவருடைய போதாத காலம்.

நாஷ் விஷயத்தில் ஒரு விதி மாற்றத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பந்துடன் வரும் கார்டைக் கையால் தடுத்து நிறுத்துவதை 2004–05 சீசன் முதல் என்.பி.ஏ. கண்டிப்புடன் தவறாக அறிவிக்கத் தொடங்கியது. அதே ஆண்டில் ஃபீனிக்ஸ் அணிக்குத் திரும்பிய நாஷ், விரிந்து கிடைத்த அந்த இடைவெளியை எல்லோரையும்விட நன்றாகப் பயன்படுத்தி, 2005, 2006 ஆகிய இரு ஆண்டுகளும் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். முதல் விருதின்போது அவருக்கு வயது 31. முதுகுவலி காரணமாக, வெளியே இருக்கும் நேரத்தில் அவர் பெஞ்சில் உட்கார மாட்டார். ஆடுகளத்தின் எல்லைக் கோட்டுக்கு அருகே தரையிலேயே படுத்துக்கொள்வார். அழைப்பு வந்ததும் எழுந்துபோய், மூன்று பேருக்கு நடுவே இருக்கும் ஒரு சந்து வழியாகப் பந்தை அனுப்புவார். விதி மாறியதால் மட்டுமே அவர் உயர்ந்தார் என்று சிலர் எழுதுவதை நான் ஏற்கவில்லை. அதே விதியின் கீழ்தான் மற்ற அணிகளின் கார்டுகளும் ஆடினார்கள்.

நம் நாட்டில் கார்டாக ஆடி வாழ்க்கை நடத்த முடியுமா? என் மகள் மாவட்ட அணியில் ஆடுகிறாள். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு படிப்பா, ஆட்டமா என்று வீட்டில் தினமும் வாக்குவாதம்.
– ஒரு தாய், திருவாரூர்

இரண்டில் ஒன்று என்று ஏன் பிரிக்கிறீர்கள்? இந்தியாவில் கூடைப்பந்து ஆடுபவருக்கு நிலையான வருமானம் பெரும்பாலும் ஆட்டத்தின் பேரில் கிடைக்கும் வேலையிலிருந்தே வருகிறது. ரயில்வே, வங்கிகள், பொதுத்துறை நிறுவனங்கள், காவல்துறை ஆகியவை தங்கள் அணிகளுக்காக ஆட்டக்காரர்களை வேலைக்கு எடுக்கின்றன. தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடும் உண்டு. தனியார் லீகுகள் தோன்றுகின்றன, மறைகின்றன. அவற்றை மட்டும் நம்பிப் படிப்பை விடுவது விவேகம் அல்ல.

நம் நாட்டு ஆண்களில் எடுத்துக்காட்டாகச் சொல்லத்தக்க கார்டு, வாரணாசியைச் சேர்ந்த விஷேஷ் பிருகுவன்ஷி. இந்திய அணியின் தலைவராக இருந்த அவர், பொதுத்துறை எண்ணெய் நிறுவனமான ஓ.என்.ஜி.சி.யின் அணிக்காக ஆடியவர், 2017இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு அணி அவரை ஒப்பந்தம் செய்தது, 2020இல் அர்ஜுனா விருது பெற்றார். வெளிநாட்டு ஒப்பந்தம் வந்தபோதும் அவருக்குக் காலூன்ற ஓர் இடம் இங்கே இருந்தது என்பதைக் கவனியுங்கள். உங்கள் மகளுக்கோ அதைவிட நெருக்கமான உதாரணம் சென்னையிலேயே இருக்கிறது. தெற்கு ரயில்வேயில் பணிபுரிந்த அனிதா பால்துரை, இளம் வயதிலேயே இந்திய மகளிர் அணியின் தலைவரானார். குழந்தை பிறந்த பிறகும் மீண்டும் வந்து நாட்டுக்காக ஆடினார். 2021இல் பத்மஸ்ரீ பெற்றார்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது, விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் தருவதோடு உண்மையிலேயே மகளிர் அணி வைத்து நடத்தும் கல்லூரியைத் தேடுவது. சேர்க்கைக்கு முன்னால் ஒரு மாலை அந்தக் கல்லூரி மைதானத்துக்கே போய், பெண்கள் பயிற்சி செய்கிறார்களா என்று நேரில் பார்த்துவிடுங்கள். மாவட்ட, மாநிலப் போட்டிச் சான்றிதழ்களை ஒன்றுகூட விடாமல் பத்திரப்படுத்துங்கள்; நேர்காணலில் முதலில் கேட்கப்படுவது அவைதான்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் எங்கள் மைதானத்தில் தண்ணீர் நிற்கும். கார்டாக ஆடும் மாணவர்கள் அந்த நாட்களில் என்ன பயிற்சி செய்யலாம்?
– உடற்கல்வி ஆசிரியர், சீர்காழி

ஈரச் சிமெண்டில் ஆட மட்டும் விடாதீர்கள். கணுக்கால் பிசகுவது பெரும்பாலும் அங்கேதான். பள்ளி வராந்தா காய்ந்திருந்தால், இடது கையால் முழங்காலுக்குக் கீழே பந்தைத் தட்டச் செய்து, எதிரில் நிற்கும் மாணவர் காட்டும் விரல்களின் எண்ணிக்கையைச் சத்தமாகச் சொல்ல வையுங்கள். கண் தாழாமல் இருக்க இது நல்ல பயிற்சி. ஒற்றைக் காலில் நின்று பந்தை வாங்கித் திருப்பி எறிவது கணுக்காலுக்கும் இடுப்புக்கும் வலு சேர்க்கும். சுவரில் ஒரு சுண்ணாம்புக் குறி போட்டு, இரு கைகளாலும் மாறி மாறி மார்பு உயரத்தில் பாஸ் செய்யச் சொல்லலாம். பந்து ரப்பராக இருக்கட்டும். தோல் பந்து ஈரத்தில் ஊறினால் கனமாகி, ஒரே மழைக்காலத்தில் வீணாகிவிடும்.