போஸ்டரில் நெரிபடும் கழுத்து: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சூப்பர் ஹீரோ படங்களின் விளம்பரங்களில் பெண்கள் தாக்கப்படும் காட்சிகளைப் பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

மால் தியேட்டர் வாசலில் ஆளுயர அட்டை ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். வில்லன் ஒரு பெண்ணின் கழுத்தைப் பிடித்துத் தூக்குகிறான், அவள் கால் தரையில் இல்லை. "அவர் ஏன்மா அந்த அக்காவை அப்படிப் பண்றார்?" என்று என் ஏழு வயது மகள் கேட்டாள். "கடைசியில அவதான் ஜெயிப்பா, வில்லன் எவ்வளவு கெட்டவன்னு காட்டத்தானே போட்டிருக்காங்க" என்கிறார் என் கணவர். நான்தான் பெரிதுபடுத்துகிறேனா?
*— வாசகி, பெரம்பூர்*

நீங்கள் பெரிதுபடுத்தவில்லை. உங்கள் மகள் கேட்ட கேள்வியை உலகின் பெரிய ஸ்டுடியோ ஒன்று ஏற்கெனவே எதிர்கொண்டு, மன்னிப்பும் கேட்டிருக்கிறது. 2016-இல் 'எக்ஸ்-மென்: அபோகலிப்ஸ்' படத்துக்கு அமெரிக்க நகரங்களில் வைத்த பலகையில், வில்லன் அபோகலிப்ஸ் நீல உடல்கொண்ட நாயகி மிஸ்டிக்கின் கழுத்தை ஒரே கையால் நெரித்துக்கொண்டிருப்பான். பக்கத்தில், வலிமையுள்ளவர்கள் மட்டுமே பிழைப்பார்கள் என்ற வாசகம். நடிகை ரோஸ் மெக்கோவன் இதைப் பகிரங்கமாகக் கண்டித்தார். விளம்பரத்தில் முன்னும் பின்னும் எதுவும் இல்லை, ஒரு பெண் நெரிபடுவது மட்டும்தான் இருக்கிறது என்பது அவர் வாதம். தன் நண்பரின் ஒன்பது வயது மகளும் அந்தப் பலகையைப் பார்த்து இதே கேள்வியைக் கேட்டதாக அவர் சொன்னார். வில்லனின் கொடூரத்தைக் காட்டும் ஆர்வத்தில், அச்சில் அந்தப் படம் என்ன பொருள் தரும் என்பதை உடனே உணரவில்லை என்று ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனம் ஒப்புக்கொண்டு, மன்னிப்புக் கேட்டு, பலகைகளை அகற்ற ஏற்பாடு செய்தது.

உங்கள் கணவர் சொல்வது படத்துக்குப் பொருந்தும். தியேட்டருக்குள் அந்தக் காட்சி சில நொடிகளில் கடந்துவிடும், அவள் திருப்பி அடிப்பாள், கதை நகரும். வாசலில் நிற்கும் அட்டைக்கு அடுத்த காட்சி கிடையாது. காலை பத்து மணிக்கும் இரவு பத்து மணிக்கும் அவள் கழுத்து அதே பிடியில்தான் இருக்கும். டிக்கெட் எடுத்தவர் மட்டுமல்ல, பாப்கார்ன் வாங்க வந்தவரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு லிஃப்ட்டுக்குப் போகிறவரும் அதைப் பார்த்தாக வேண்டும்.

அவளும் சூப்பர் ஹீரோதானே? ஆண் ஹீரோ அடிவாங்கும் போஸ்டரை யாரும் எதிர்ப்பதில்லை. சமத்துவம் வேண்டும் என்றால் இதையும் ஏற்க வேண்டாமா?
*— கல்லூரி மாணவர், திருவான்மியூர்*

சண்டை போடும் பெண்ணைப் போஸ்டரில் காட்டக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு வகைப் போஸ்டர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடிபட்ட ஆண் ஹீரோ பெரும்பாலும் ஒரு முழங்காலை ஊன்றியிருப்பான். உதட்டோரம் ரத்தம் வழிந்தாலும் பார்வை எதிரியின்மேல் இருக்கும், கை ஆயுதத்தை விடாது. எழப்போகிறான் என்பது தெரியும். கழுத்தைப் பிடித்துத் தூக்கப்பட்ட பெண்ணின் முகம் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும், வாய் திறந்திருக்கும், கைகள் தொங்கும் அல்லது அவன் மணிக்கட்டைப் பற்றியிருக்கும். அவள் செய்யக்கூடியது எதுவும் அந்தச் சட்டகத்தில் இல்லை.

2012 இறுதியில் 'ஹாக்ஐ இனிஷியேட்டிவ்' என்ற பெயரில் காமிக்ஸ் ஓவியர்களும் ரசிகர்களும் ஒரு சோதனை செய்தார்கள். பெண் பாத்திரங்கள் வரையப்பட்ட அதே நிலையில் ஹாக்ஐ என்ற ஆண் வீரனை வரைந்து வெளியிட்டார்கள். ஆணுக்கு அந்த நிலை எவ்வளவு பொருந்தாமல் இருக்கிறது என்று பார்த்தவுடனே தெரிந்தது. நீங்களும் ஏதாவது ஒரு போஸ்டரை எடுத்து ஆளை மட்டும் மாற்றிக் கற்பனை செய்யுங்கள்.

இந்தப் பழக்கம் காமிக்ஸிலேயே தொடங்கியது. 1994-இல் வந்த 'கிரீன் லான்டர்ன்' 54-ஆவது இதழில் நாயகனின் காதலியைக் கொன்று குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். நாயகனுக்குக் கோபம் வர வேண்டும் என்பதற்காக இப்படிக் கொல்லப்பட்ட, சிதைக்கப்பட்ட பெண் பாத்திரங்களை 1999-இல் கெயில் சிமோன் பட்டியலிட்டார். அவரே பின்னாளில் காமிக்ஸ் எழுத்தாளர் ஆனார். 2015 மார்ச்சில் 'பேட்கேர்ள்' 41-ஆவது இதழுக்கான மாற்று அட்டையில், வில்லன் ஜோக்கரின் பிடியில் நாயகி பேட்கேர்ள் அழுதபடி நிற்பதுபோல் வரைந்திருந்தார்கள். எதிர்ப்பு எழுந்ததும் வரைந்த ஓவியரே கேட்டுக்கொள்ள, இதழை வெளியிடும் டிசி நிறுவனம் அந்த அட்டையை விலக்கிக்கொண்டது. அட்டைக்கும் பலகைக்கும் வேலை ஒன்றுதான்: உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லி விற்பது. ஒரு பெண்ணின் பயத்தை விற்பனைக்கு முன்னால் நிறுத்துகிறார்கள் என்பதில்தான் எங்களுக்குச் சண்டை.

கோடம்பாக்கத்தில் பப்ளிசிட்டி டிசைன் செய்கிறேன். வெளிநாட்டுப் படங்களின் தமிழ் விளம்பரங்களும் வரும். "பஞ்ச்சா ஒரு ஸ்டில் எடுங்க" என்பார்கள். எங்கே கவனமாக இருக்க வேண்டும்?
*— வடிவமைப்பாளர்*

தவறு பெரும்பாலும் நடப்பது அளவு மாற்றும்போது. 27-க்கு 40 அங்குலச் செங்குத்துப் போஸ்டரின் விகிதம் ஏறக்குறைய 2:3. அண்ணா சாலையில் ஏறும் 40-க்கு 20 அடிப் பலகையின் விகிதம் 2:1. செங்குத்துப் படத்தை அகலம் குறையாமல் பலகைக்குள் போட்டால் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். முழுப் போஸ்டரில் இடிந்த நகரம் இருக்கும், பின்னால் துணை வீரர்கள் ஓடிவருவார்கள், அவள் கையில் ஆயுதம் இருக்கும். வெட்டிய பின் மிச்சம் இரண்டு முகம், ஒரு கை, ஒரு கழுத்து. மூல வடிவத்தை ஒப்புக்கொண்டவர் இதைப் பார்த்திருக்கவே மாட்டார். பேருந்தின் பின்பக்கம், மெட்ரோ தூண், செய்தித்தாளின் கால் பக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் வெட்டு வேறு. அதனால் ஒவ்வொன்றுக்கும் தனி அப்ரூவல் வாங்குங்கள்.

இரண்டாவது சிக்கல், அப்ரூவலைக் கைபேசித் திரையில் முடித்துவிடுவது. மூன்று அங்குலத்தில் வண்ணமும் பெயரும்தான் தெரியும். கழுத்தில் பதிந்த விரல்கள் தெரியாது. 40 அடியில் ஒவ்வொரு விரலும் ஆள் உயரத்துக்கு இருக்கலாம். பத்தில் ஒரு பங்கு அளவில், அதாவது 4-க்கு 2 அடியில், ஒரு பிரிண்ட் எடுத்துச் சுவரில் மாட்டிப் பாருங்கள். 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி நொடிக்கு 11 மீட்டர் கடக்கிறது. 60 மீட்டரிலிருந்து கண்ணில் படும் பலகைக்குக் கிடைப்பது ஐந்தாறு நொடி. அந்த நேரத்தில் மூளை எடுத்துக்கொள்வது உடல்கள் இருக்கும் நிலையை. கதையை அல்ல. அதே பலகை சிக்னல் அருகே இருந்தால் நிற்கிறவர் ஒரு நிமிடத்துக்கு மேல் பார்த்துக்கொண்டிருப்பார்.

டேக்லைனைக் கடைசியில் ஒட்டுவதால் வருவது மூன்றாவது சிக்கல். தனியாக வாசித்தால் வீர வசனமாக இருக்கும் வரி, நெரிபடும் பெண்ணின் பக்கத்தில் வந்தால் நெரிப்பவனின் கட்சி பேசும். 2016 பலகையில் நடந்தது அதுதான். படமும் வரியும் ஒன்றாக இருக்கும் நிலையில், இந்த வரி யார் வாயிலிருந்து வருவதுபோல் இருக்கிறது என்று அலுவலகத்தில் இந்த வேலையில் சம்பந்தப்படாத இரண்டு பேரிடம் கேளுங்கள். அதில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும்.

வில்லனின் அச்சுறுத்தலைக் காட்ட வழிகள் நிறைய உண்டு. நகரத்தின்மேல் விழும் நிழல், உருவ அளவில் பெரிய வித்தியாசம், இருவருக்கும் நடுவே ஒரு கை நீள இடைவெளி. அவள் பாதம் தரையில் இருக்கட்டும், கண் அவன்மேல் இருக்கட்டும். மூல ஃபைலோடு சேர்த்து "இந்தப் பகுதியை வெட்டக் கூடாது" என்று கோடு போட்டே அனுப்புங்கள். மதுரையில் உங்கள் ஃபைலை வெட்டுகிறவருக்கு உங்கள் மனத்தில் இருந்தது தெரியாது.

புகார் கொடுக்க வேண்டும் என்றால் எங்கே போவது? சென்சார் போர்டா, போலீஸா?
*— வாசகர், வேளச்சேரி*

சென்சார் போர்டு பயன்படாது. திரைப்படத் தணிக்கை வாரியம் படத்துக்கும், தியேட்டரில் ஓடும் டிரெய்லருக்கும் சான்று தருகிறது. போஸ்டர் வடிவத்தை முன்கூட்டிப் பார்த்து அனுமதிப்பதில்லை. அமெரிக்காவில் எந்த வயதினர் பார்க்கலாம் என்ற தரச்சான்றைக் கேட்கும் தயாரிப்பாளர் விளம்பரப் பொருளையும் அங்குள்ள திரைப்படச் சங்கத்திடம் காட்ட வேண்டும். 2007-இல் 'கேப்டிவிட்டி' என்ற திகில் படத்துக்கு, ஒரு பெண் கடத்தப்பட்டுச் சித்திரவதை செய்யப்படும் பலகைகளை அனுமதி இல்லாமல் வைத்ததற்காக, அதன் தரச்சான்று வேலையையே அந்தச் சங்கம் நிறுத்திவைத்தது. நம் தணிக்கை வாரியத்தில் அப்படி ஒரு வாசல் இல்லை.

முதலில் போட்டோ எடுங்கள். முழுப் பலகையும் சுற்றுப்புறமும் தெரிய ஒன்று, நெருக்கத்தில் ஒன்று. தேதி, நேரம், இடம், பலகையின் ஓரத்தில் விளம்பர நிறுவனப் பெயரோ உரிம எண்ணோ இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். தியேட்டருக்குள் என்றால் மேலாளரிடம் எழுதிக் கொடுங்கள். அட்டையை நகர்த்த ஐந்து நிமிடம் போதும்; எல்லாவற்றிலும் வேகமான வழி இதுதான்.

அடுத்தது ஆஸ்கி எனப்படும் இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில். 1985-இல் விளம்பரத் துறையே அமைத்துக்கொண்ட சுயகட்டுப்பாட்டு அமைப்பு, அரசு அலுவலகம் அல்ல. இணையதளத்தில் புகார்ப் படிவம் இருக்கிறது, கட்டணம் இல்லை. அவர்கள் விதித்தொகுப்பின் இரண்டாம் அத்தியாயம், பெண்களைச் சித்தரிப்பதில் கண்ணியக் குறைவோ அருவருப்போ கூடாது என்கிறது. 2022 ஜூனில் பாலினச் சித்தரிப்புக்கென்று தனி வழிகாட்டுதல்களும் வந்தன. இரண்டையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். தொலைக்காட்சி என்றால் பிடி இன்னும் இறுகும். 1994-ஆம் ஆண்டுக் கேபிள் தொலைக்காட்சி விதிகளின் 7-ஆம் விதி பெண்களை இழிவாகக் காட்டும் விளம்பரத்தைத் தடுக்கிறது, ஆஸ்கி விதியை மீறும் விளம்பரத்தையும் தடுக்கிறது.

காவல் நிலையம் என்றால் 1986-ஆம் ஆண்டுப் பெண்களை அநாகரிகமாகச் சித்தரித்தல் தடைச் சட்டம், 3-ஆவது பிரிவு. பிடியாணை இல்லாமல் நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம். முதல் முறைக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் 2,000 ரூபாய் வரை அபராதமும். இங்கேதான் பல புகார்கள் சறுக்குகின்றன. எல்லாரும் "ஆபாசம்" என்று எழுதுகிறார்கள். நெரிபடும் பெண் முழு உடையில் இருப்பாள், "இதில் ஆபாசம் எங்கே?" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். சட்டத்தின் விளக்கத்தில் பெண்களை இழிவுபடுத்துவதும் சிறுமைப்படுத்துவதும் தனியாகவே இருக்கிறது. அதைச் சொல்லுங்கள். படத்தைத் தடைசெய்யக் கேட்காதீர்கள். இந்த வடிவத்தை மட்டும் எடுக்கக் கேளுங்கள். தாமதமும் வேண்டாம், படம் தியேட்டரை விட்டுப் போன பிறகு புகாருக்கு வேலையில்லை.

உரிமம் இல்லாமல் நடைபாதையில் நிற்கும் பேனர் என்றால் படத்தில் என்ன இருக்கிறது என்ற பேச்சே வேண்டாம். சென்னை மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணுக்குச் சொல்லுங்கள். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஓர் இளம்பெண் இறந்ததை நகரம் மறந்துவிடக் கூடாது.

குழந்தை யூடியூபில் கார்ட்டூன் பார்க்கும்போது இப்படி டிரெய்லர் விளம்பரம் வருகிறது.
*— தந்தை, அம்பத்தூர்*

இணையத்தில் ஓடும் டிரெய்லருக்குத் தணிக்கைச் சான்று தேவைப்படுவதில்லை, அதனால் தியேட்டரில் காட்டாத காட்சிகளும் வரும். விளம்பரம் ஓடும்போதே மூலையில் உள்ள குறியை அழுத்தினால் தடுக்கவும் புகார் சொல்லவும் வழி இருக்கிறது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஆஸ்கிக்கும் அனுப்புங்கள். 2022 ஜூனில், பாலியல் வன்முறையைச் சாடையாகச் சொன்ன ஒரு வாசனைத் திரவிய விளம்பரத்தை ஆஸ்கி நிறுத்திவைத்தது. தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் யூடியூப், ட்விட்டர் இரண்டிலிருந்தும் நீக்கச் சொன்னது. சில நாட்களில் நடந்தது.

எத்தனையோ அடிதடி இருக்க, கழுத்தை நெரிப்பதை மட்டும் ஏன் தனியாகப் பேசுகிறீர்கள்?
*— வாசகி, கொரட்டூர்*

அது வேற்றுக்கிரகச் சண்டை அல்ல, வீட்டுக்குள் நடப்பது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் கணவன் செய்யும் வன்முறை பற்றிய கேள்விகளில், கழுத்தை நெரிக்க முயன்றாரா என்பதும் இருக்கிறது. 2019–21 கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் மணமான பெண்கள் நூறு பேரில் 38 பேர் கணவனின் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். கழுத்தின் இருபக்க ரத்தக்குழாய்களும் அழுந்தினால் பத்து நொடியளவில் நினைவு தப்பும். 2001-இல் வெளியான சான் டியேகோ ஆய்வில், 300 கழுத்து நெரிப்பு வழக்குகளில் பாதியில் வெளியே தெரியும் காயமே இல்லை. 2008-இல் வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வு, முன்பு துணைவரால் கழுத்து நெரிக்கப்பட்ட பெண் பின்னாளில் கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் மேல் என்று கண்டது. இதை அனுபவித்த பெண் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது எதிரே 40 அடியில் அதே பிடி தெரிகிறது.

உங்களுக்கோ தெரிந்தவருக்கோ இது நடந்திருந்தால், தழும்பு இல்லை என்று விட்டுவிடாதீர்கள். குரல் கம்முவது, விழுங்கும்போது வலி, கண்ணில் சிவப்புப் புள்ளிகள், மூச்சுத் திணறல், தலைசுற்றல் எதுவாக இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரத்தக்குழாய் உள்ளே கிழிந்திருந்தால் சில நாள் கழித்தும் பக்கவாதம் வரலாம். அரசு மருத்துவமனையில் "அடித்தார்" என்று பொதுவாகச் சொன்னால் அப்படியே பதிவாகிவிடும். கையாலா, துணியாலா, எவ்வளவு நேரம், நினைவு தப்பியதா என்று சொல்லி, விபத்துப் பதிவேட்டில் கழுத்து நெரிக்கப்பட்டதாகவே எழுதச் சொல்லுங்கள், அந்த ஏ.ஆர். காப்பி பிறகு வழக்குக்குத் தேவைப்படும். உதவிக்கு 181, ஆம்புலன்ஸுக்கு 108.