பட்டனை மிஷினில் தைப்பது: கேட்டதும் சொன்னதும்

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் 9 வருடம் காஜா (பட்டன் நுழையும் துளை), பட்டன் மிஷின்களில் வேலை பார்த்தேன். அப்புறம் 14 வருடமாக வீட்டிலேயே தையல் வகுப்பு எடுக்கிறேன். பட்டன் தைப்பது பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகள் இதோ.

அக்கா, புதிதாக ஜிக்ஜாக் மிஷின் வாங்கியிருக்கிறேன். சட்டைக்குப் பட்டன் தைப்பது எப்படி என்று முதலிலிருந்து சொல்லுங்கள். (சேலம்)

ஜிக்ஜாக் மிஷின் என்றால் ஊசி பக்கவாட்டிலும் நகரும் மிஷின். முதலில் இடம் குறிக்க வேண்டும். காஜா பட்டியைப் பட்டன் பட்டி மேல் பொருத்திவைத்து, காஜாவுக்குள் குண்டூசியைக் குத்தி அடியில் புள்ளி வையுங்கள். காஜா நெடுக்காக இருந்தால் அதன் நடுவில். காலரில் வருவதுபோல் படுக்கையாக இருந்தால், துணி ஓரத்துக்குப் பக்கமுள்ள முனையிலிருந்து 3 மில்லிமீட்டர் உள்ளே.

பட்டனைப் புள்ளி மேல் வைத்து, ஓட்டைகளை மறைக்காமல் சின்னதாக ஒரு செல்லோடேப் ஒட்டுங்கள். இனி மிஷின் துணியை இழுக்கக் கூடாது. சில மாடலில், துணியை அடியிலிருந்து நகர்த்தும் பல்லைக் கீழே இறக்க லீவர் இருக்கும், சிலவற்றில் பல்லை மூட ஒரு தட்டு தந்திருப்பார்கள். தையல் நீளம் 0. பட்டன் ஃபுட் இருந்தால் மாட்டி, பட்டனை அழுத்திப் பிடிக்கும்படி இறக்குங்கள்.

ஊசி பக்கவாட்டில் நகரும் அகலத்தை 3-இல் வைத்துத் தொடங்குங்கள். சட்டைப் பட்டன் ஓட்டைகளின் இடைவெளி பெரும்பாலும் 3 முதல் 4 மில்லிமீட்டர்தான். இப்போது மோட்டாரைத் தொடாமல், வீலைக் கையால் உங்கள் பக்கமாக மெதுவாகச் சுற்றுங்கள். ஊசி இடது ஓட்டையில் இறங்க வேண்டும், ஏறி நகர்ந்து வலது ஓட்டையில் இறங்க வேண்டும். விளிம்பில் உரசினால்கூட அகலத்தைத் திருத்திவிட்டு மறுபடி சுற்றுங்கள். இரண்டு பக்கமும் தடையில்லாமல் இறங்கிய பிறகுதான் மிதிக்கலாம். 8 முதல் 10 குத்து போதும். நான்கு ஓட்டை என்றால் உங்களுக்குப் பக்கத்தில் உள்ள இரண்டை முதலில் தையுங்கள், அப்புறம் ஃபுட்டைத் தூக்கி அடுத்த இரண்டுக்கு நகர்த்துங்கள்.

முடிச்சில் ஒரு சிக்கல் உண்டு. கடைசியில் அகலத்தை 0 ஆக்கி, ஒரே ஓட்டையில் நாலு குத்து குத்தச் சொல்வார்கள். பல மிஷின்களில் அகலம் 0 ஆனதும் ஊசி நடுவுக்கு வந்துவிடும். நடுவில் இருப்பது ஓட்டை அல்ல, பட்டன். ஊசியை இடப்பக்கம் நிறுத்தும் வசதி இருந்தால் அதில் வையுங்கள். இல்லாவிட்டால் ஃபுட்டைத் தூக்கி, ஓட்டை ஊசிக்கு நேராக வரும்படி பட்டனை நகர்த்துங்கள். நான் வகுப்பில் சொல்லித்தருவது இன்னும் எளிது: நூலை ஒரு சாண் விட்டு வெட்டி, மேல் நூலைக் கைஊசியில் கோத்துத் துணிக்கு அடியில் இழுத்து, பாபின் நூலோடு (மிஷினுக்கு அடியிலிருந்து வரும் நூல்) மூன்று முடிச்சு.

வீட்டில் இருப்பது அம்மாவின் பழைய கறுப்பு மிஷின், கால் மிதிக்கும் வகை. இதில் பட்டன் வைக்கலாமா? (கும்பகோணம்)

முடியாது. அந்த மிஷினில் ஊசி மேலும் கீழும் மட்டுமே போகும், பக்கவாட்டில் நகராது. கையால் தையுங்கள், அல்லது காஜா பட்டன் போடும் கடையில் கொடுங்கள்.

எனக்கு ஒவ்வொரு முறையும் ஊசி உடைகிறது. ஊசி தரம் சரியில்லையா? (ஈரோடு)

ஊசியைக் குறை சொல்லாதீர்கள். வீலைக் கையால் சுற்றிப் பார்த்தீர்களா? என் வகுப்பில் ஒரு பெண் சுற்றிப் பார்க்காமல் நேராக மோட்டாரை மிதித்தார். ஊசி பட்டன் நடுவில் பட்டு மூன்று துண்டானது. ஒரு துண்டு அவர் இமைக்குக் கீழே கீறிவிட்டது, கண்ணுக்கு அரை அங்குலம் தள்ளி. அன்றிலிருந்து என் வகுப்பில் முதல் ஐந்து பட்டனை முழுக்கக் கையாலேயே சுற்றித்தான் தைக்க வேண்டும். கண்ணாடி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

ஜாக்கெட்டுக்கு ஹூக் வைக்கும் முறை சொல்லுங்கள். (தஞ்சாவூர்)

அது கைவேலை, வேறொரு நாள் தனியாகப் பேசுவோம்.

நான் 35 வருடமாகத் தையல் மாஸ்டர். மிஷினில் வைத்த பட்டன் நிற்காது அம்மா. ரெடிமேட் சட்டை இரண்டு துவைப்பில் பட்டனை உதிர்க்கிறது. கையால் வைத்தது துணி கிழிந்தாலும் நிற்கும். ஏன் பிள்ளைகளுக்குத் தவறாகச் சொல்லித்தருகிறீர்கள்? (மதுரை)

மாஸ்டர், ரெடிமேட் சட்டை பற்றி நீங்கள் சொல்வது முழுக்க உண்மை. ஆனால் காரணம் வேறு. கம்பெனிகளில் ஜூகி எம்பி-373 போன்ற பட்டன் மிஷின்கள் நிறைய ஓடுகின்றன. அதில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அது ஒற்றை நூலில் சங்கிலித் தையல் போடுவது, பாபினே கிடையாது. வேகம் அதிகம், ஆனால் கடைசிக் கண்ணி அவிழ்ந்தால் நூல் சரசரவென்று முழுசாக வந்துவிடும். உங்களிடம் உள்ள ரெடிமேட் சட்டையைத் திருப்பி, பட்டனுக்குப் பின்பக்கம் பாருங்கள். சின்னக் கண்ணிகள் கோத்ததுபோல் இருந்து, ஒரு நூல் வால் தொங்கினால் அது சங்கிலி. அந்த வாலைப் பிசிறு என்று நினைத்து இழுப்பதால்தான் பாதிப் பட்டன் விழுகிறது.

வீட்டு ஜிக்ஜாக் மிஷின் போடுவது அது இல்லை. மேல் நூலும் பாபின் நூலும் பின்னிக்கொள்ளும் லாக் தையல். அதோடு முடிச்சும் போட்டால், சட்டைக்குக் கைத்தையலுக்கு எந்த விதத்திலும் குறைவில்லை. மிஷின் மேல் பழி போடாதீர்கள். முடிக்காமல் விடுவதுதான் குற்றம்.

மாஸ்டர் சொல்வதே சரி. மிஷினில் வைத்தால் பட்டன் துணியோடு ஒட்டிக்கிடக்கிறது, காஜாவில் நுழைக்க முடியவில்லை. (திண்டுக்கல்)

இது நல்ல கேள்வி. பட்டனுக்கும் துணிக்கும் இடையே காஜா பட்டி உட்காரும் அளவுக்கு நூல் தண்டு வேண்டும். பட்டன் மேல், இரண்டு ஓட்டைகளுக்கு நடுவே ஒரு தீக்குச்சியை வைத்து, அதன் மேலாக ஜிக்ஜாக் ஓடும்படி தையுங்கள். முடிந்ததும் குச்சியை உருவிவிட்டுப் பட்டனை மேலே தூக்கினால் தளர்ந்த நூல் அடியில் வரும். மீதி நூலால் அதை நாலைந்து சுற்று இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போடுங்கள். மெல்லிய காட்டனுக்குத் தீக்குச்சி அதிகம், குண்டூசி போதும்.

அப்படியானால் கோட்டுக்கும் மிஷினில் வைப்பீர்களா? (மதுரை மாஸ்டர்)

மாட்டேன். அங்கே உங்கள் கட்சிதான். கோட்டில் தண்டு உயரமாக வர வேண்டும், பின்னால் துணியைக் காக்கக் குட்டிப் பட்டன் ஒன்றும் வைக்க வேண்டும். அது கைக்கு வருவதுபோல் வீட்டு மிஷினுக்கு வராது. அடியில் வளையம் உள்ள பட்டனும் அப்படித்தான், வீட்டு மிஷினில் அதைப் படுக்கவைக்கவே முடியாது.

நான்கு ஓட்டைப் பட்டனில் பெருக்கல் குறி போடுவதா, இணைகோடு போடுவதா? (கோவை)

இணைகோடு. இரண்டு ஜோடியையும் தனித்தனியாக முடித்தால், ஒன்று அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும்.

மேடம், எங்களிடம் சாதாரண மிஷின். மோட்டார் மாட்டினால் பட்டன் தைக்குமா? (விழுப்புரம்)

கும்பகோணத்துக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள். மோட்டார் வேகத்தைக் கூட்டும், ஊசியைப் பக்கவாட்டில் நகர்த்தாது.

பழைய தையல் மிஷினில் பட்டன் வைக்க வழி உண்டா? (நாகர்கோவில்)

இது மூன்றாவது முறை. ஜிக்ஜாக் இல்லாத மிஷினில் பட்டன் வைக்க வேண்டாம். கேட்பதற்கு முன் மேலே ஒரு முறை படித்துவிடுங்கள்.

ஒன்றரை வயதுக் குழந்தையின் சட்டைக்கு நானே வைக்கலாமா? பயமாக இருக்கிறது. (சென்னை)

பயம் நியாயமானது. கழன்ற பட்டன் நேராக வாய்க்குத்தான் போகும், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். நான் இருந்த கம்பெனியில் குழந்தை உடுப்புப் பட்டன்களைக் கருவியில் மாட்டி 90 நியூட்டன் விசையில் இழுத்துப் பார்ப்போம். அதாவது 9 கிலோவைத் தொங்கவிட்டதுபோல். நீங்கள் வைப்பதானால் பட்டிக்குள் ஒரு துண்டு கேன்வாஸ் கொடுங்கள், ஏனென்றால் பல சமயம் நூல் நிற்கும், மெல்லிய துணிதான் கிழியும். ஒவ்வொரு ஜோடியையும் இரண்டு தடவை தைத்து, அடியில் முடிச்சுப் போடுங்கள். பிறகு பட்டனை விரலால் பிடித்து, பலம் கொண்ட மட்டும் இழுத்துப் பாருங்கள். ஒவ்வொரு துவைப்புக்குப் பிறகும் அப்படிப் பாருங்கள். கடையில் வாங்கிய சட்டை என்றால் போட்டுவிடுவதற்கு முன்பே எல்லாப் பட்டனுக்கும் பின்னால் கைஊசியால் முடிச்சு.

அக்கா, தைத்துப் பார்த்தேன். முன் ஜோடி நன்றாக வந்தது. பின் ஜோடியில் ஊசி பட்டன் மேல் இடித்தது. (சேலம்)

துணியை நகர்த்திய பிறகு வீலைக் கையால் சுற்றிப் பார்த்திருக்க மாட்டீர்கள். முன் ஜோடிக்குப் பார்த்தது பின் ஜோடிக்குப் பொருந்தாது, ஃபுட்டைத் தூக்கும்போது பட்டன் ஒரு நூல் அளவு திரும்பியிருக்கும். இடித்த ஊசியை இனிப் பயன்படுத்த வேண்டாம், முனை மழுங்கியிருக்கும். புது ஊசி மாட்டிவிட்டு, அந்த ஜோடியை மட்டும் மறுபடி தையுங்கள்.