‘கியர்பாக்ஸே மாத்தணும்’ என்கிறது ஒர்க்‌ஷாப்: வாரண்டி என்ன ஆச்சு?

கேள்வி: காட்பாடியில் வசிக்கிறேன். நாலு வருடம் முன்பு 13 லட்சத்துக்கு வாங்கிய ஆட்டோமேட்டிக் கார், 62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. போன மாதம் குடும்பத்தோடு ஏலகிரி போய் வந்ததிலிருந்து, ‘டி’யில் (டிரைவ்) போட்டால் இரண்டு நொடி கழித்துத்தான் நகர்கிறது, மேட்டில் எஞ்சின் உறுமுகிறது, வண்டி ஏறுவதில்லை. கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் முழு கியர்பாக்ஸும் மாற்ற 3.8 லட்சம் கேட்கிறார்கள். நீட்டித்த வாரண்டி இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. ஆனால், ‘கியர் ஆயில் மாத்தல, மலையில ஓட்டியிருக்கீங்க’ என்று வாயால் மறுத்துவிட்டார்கள். எல்லா சர்வீஸும் அங்கேயேதான் செய்தேன். ஆற்காடு ரோட்டில் ஒரு மெக்கானிக் 1.2 லட்சத்தில் பிரித்துச் சரிசெய்வதாகச் சொல்கிறார். வண்டியை எடுக்கப் போனால் தினம் 500 ரூபாய் நிறுத்தக் கூலி கேட்கிறார்கள். ரிப்பேரா, மாற்றுவதா?

பதில்: அவசரப்பட்டு மெக்கானிக்கிடம் விட்டுவிடாதீர்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக நேர்ந்தால், உங்கள் வழக்குக்கு முக்கிய சாட்சியே அந்தக் கியர்பாக்ஸ்தான். வெளியே பிரித்துவிட்டால், ‘அவர்தான் கெடுத்தார்’ என்று ஒர்க்‌ஷாப் சொல்லும். உங்களால் பதில் சொல்ல முடியாது.

முதலில் இரண்டு காகிதம் வாங்குங்கள். ஒன்று, வாரண்டி மறுப்பைக் காரணத்தோடு எழுத்தில். தர மறுத்தால், ‘இன்ன தேதியில் இன்ன காரணம் சொன்னீர்கள்’ என்று நீங்களே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். இரண்டாவது, காரின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைக் காட்டும் ஸ்கேன் ரிப்போர்ட். அதில் பி0700 (P0700) என்ற கோளாறுக் குறியீடு மட்டும் இருந்தால், டிரான்ஸ்மிஷன், அதாவது கியர்பாக்ஸ் பக்கம் ஏதோ கோளாறு பதிவாகியிருக்கிறது என்றுதான் பொருள். எந்தப் பாகம் என்று அது சொல்லாது. அதை மட்டும் வைத்து 3.8 லட்சம் கேட்பவரிடம், ஆயிலின் நிறமும் வாடையும் எப்படி இருந்தன, சம்ப்பில் (அடியில் ஆயில் தேங்கும் தட்டு) உலோகத் துகள் இருந்ததா என்று கேளுங்கள். ஆயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் சாலினாய்டோ வால்வ் பாடியோ கெட்டிருந்தால் அதை மட்டும் மாற்றலாம். கிளட்ச் தகடுகள் கருகி, துகள் எல்லா இடத்துக்கும் போயிருந்தால்தான் முழுசாகப் பிரிப்பதா, மாற்றுவதா என்ற கேள்வியே வரும். உங்களுடையது ஏஎம்டி என்றால் கதை வேறு. அது சாதாரண கியர்பாக்ஸில் மோட்டார் வைத்தது; கிளட்ச் தேய்ந்ததற்கே இதே அறிகுறிகள் வரும், கிளட்சைப் பெரும்பாலான வாரண்டிகள் சேர்ப்பதும் இல்லை.

இனி அவர்கள் சொல்லும் காரணங்கள். ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவு. தினமும் பஸ்ஸே ஏறுகிறது. தார் ரோட்டில் குடும்பத்தோடு மலை ஏறியதைத் தவறான பயன்பாடு என்றால் எந்த நுகர்வோர் ஆணையமும் எளிதில் ஏற்காது. ஆயில் விஷயத்தில் காருடன் தந்த கையேட்டைத் திறங்கள். டிரான்ஸ்மிஷன் ஆயில் எத்தனை கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்று அட்டவணை இருக்கும். 80,000 என்று போட்டிருந்தால் அவர்கள் வாதம் அங்கேயே விழுந்தது. 40,000 என்றிருந்தாலும், எல்லா சர்வீஸும் அவர்களிடமே செய்தீர்களே, ஏன் மாற்றவில்லை? அது அவர்கள் சேவைக் குறைபாடு. ஒன்றுதான் ஆபத்து: ‘மாற்றச் சொன்னோம், வாடிக்கையாளர் வேண்டாம் என்றார்’ என்று ஏதாவது ஜாப் கார்டில் (சர்வீஸுக்கு விடும்போது வேலைகளை எழுதும் தாள்) எழுதி, நீங்கள் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருப்பது. நம்மில் பலர் அப்படித்தான் போடுகிறோம். பழைய ஜாப் கார்டுகளை எல்லாம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

நீட்டித்த வாரண்டியைக் கொடுத்தது யார் என்றும் பாருங்கள். சில சமயம் பின்னால் ஒரு காப்பீட்டு நிறுவனம் இருக்கும். அப்போது அதையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும்.

வாரண்டி என்றதும் பலர் புது கியர்பாக்ஸ், புது வண்டி என்று எதிர்பார்க்கிறார்கள். பொதுவாக வாரண்டி தருவது, கெட்ட பாகத்தைச் சரிசெய்யவோ மாற்றவோ உள்ள கடமை. எது என்று முடிவு செய்யும் உரிமையை நிறுவனம் தன்னிடமே வைத்திருக்கும். மாருதி உத்யோக் எதிர் சுஷீல் குமார் கப்கோத்ரா வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றமும் இதைத்தான் சொன்னது. ஆகவே மனுவில் ‘வாரண்டிப்படி இலவசமாகச் சரிசெய், அல்லது மாற்று, அலைச்சலுக்கு இழப்பீடு கொடு’ என்று கேளுங்கள். புது கார் கேட்டு வழக்கைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நிறுவனம் எங்கே இருந்தாலும் வேலூர் மாவட்ட ஆணையம் போதும். கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் என்பதால் அது மாவட்ட வரம்பு. 13 லட்சத்துக்குக் கட்டணம் 400 ரூபாய். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் பதியுங்கள். சில நிறுவனங்கள் அதற்கே இறங்கி வருகின்றன. மனுவோடு, சுதந்திரமான நிபுணர் ஒருவர் கியர்பாக்ஸைப் பார்க்க உத்தரவு கேளுங்கள். மோட்டார் வாகன ஆய்வாளரையோ, பாகாயத்தில் உள்ள அரசு தொழில்நுட்பக் கல்லூரியின் இயந்திரவியல் ஆசிரியரையோ நியமிக்கக் கேட்கலாம்.

அப்புறம் அந்த 500 ரூபாய். ஒப்பந்தச் சட்டம் 170ஆம் பிரிவின்படி, உழைப்பும் திறமையும் செலவிட்டுச் செய்த வேலைக்கான கூலி வரும்வரை பொருளைப் பிடித்து வைக்கலாம். நீங்கள் ஒப்புக்கொள்ளாத நிறுத்தக் கூலிக்கு அந்தப் பிரிவு உதவாது. பரிசோதனைக் கட்டணத்தை மட்டும், ‘ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்’ என்று எழுதிக் கட்டிவிட்டு வண்டியைக் கேளுங்கள்.

தொழிலுக்கு வண்டி இல்லாமல் முடியாது, காத்திருக்க வழியில்லை என்றால் மெக்கானிக்கிடமே கொடுக்கலாம். ஆனால் அதற்கு முன், ‘இன்ன தேதியில் பிரிக்கப் போகிறோம், வந்து பாருங்கள்’ என்று ஒர்க்‌ஷாப்புக்கும் நிறுவனத்துக்கும் பதிவுத் தபால் அனுப்பி ஒரு வாரம் விடுங்கள். பிரிப்பதை வீடியோ எடுங்கள். கழற்றிய பழைய தகடுகளை, எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு சாக்கில் கட்டி வீட்டுக்கே கொண்டுவந்துவிடுங்கள். 1.2 லட்சத்துக்கு ஜிஎஸ்டி பில் வாங்குங்கள். அதில் எத்தனை மாதம் உத்தரவாதம் என்றும் எழுதி வாங்குங்கள். ‘பில் வேணாம், பத்தாயிரம் குறைச்சுக்கறேன்’ என்பார். அந்தப் பில் இல்லாமல் 1.2 லட்சத்தை யாரிடமும் திருப்பிக் கேட்க முடியாது.