பதிலை எங்கே எழுதியிருக்கிறீர்கள்?

கேள்வி: எட்டு ஆண்டுகளாக நியூஜெர்சியில் வசிக்கிறேன். பத்திரிகையாளர். இனப் பாகுபாடு, குடும்பம், பள்ளிக்கு முந்தைய வயதுக் குழந்தைகள் ஆகியவற்றைப் பற்றியே எழுதி வருகிறேன். மகளுக்கு நாலரை வயது. ஆறு மாதம் தங்க வந்திருக்கும் மாமியார், “வெயிலில் ஆடாதே, கறுத்துப்போவாய்” என்று தினமும் அவளை உள்ளே இழுத்து வருகிறார். கணவரிடம் சொன்னால், “வயதானவர், விடு” என்கிறார். போன வாரம் குளிக்கும்போது மகள் தன் முழங்கையை ஸ்பாஞ்சால் அழுத்தித் தேய்த்துக்கொண்டே, “அம்மா, இன்னும் எத்தனை நாள் தேய்த்தால் இது போகும்?” என்று கேட்டாள். மறந்துவிடக் கூடாது என்று உடனே போனில் குறித்துக்கொண்டேன். அடுத்த கட்டுரையை அதில்தான் தொடங்கியிருக்கிறேன். நிறத்தைப் பற்றிக் குழந்தையிடம் எந்த வயதில் பேசத் தொடங்கலாம்? மாமியாரை எப்படித் திருத்துவது?

பதில்: “கறுப்பே அழகு, காந்தலே ருசி” என்று நான் தேற்றுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். அந்தப் பழமொழியைச் சொல்லிக்கொண்டே சிவந்த பெண்ணாகத் தேடும் வீடுகள் எத்தனையோ. அந்த வீடுகளிலிருந்து எனக்கு எத்தனையோ கடிதங்கள் வந்துவிட்டன. ஆகவே அதை விட்டுவிடுகிறேன்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். குழந்தை கேட்டது இருக்கிறது. எந்த இடத்தை, எதைக்கொண்டு தேய்த்தாள் என்பதுகூட இருக்கிறது. மாமியார் சொன்னதும் கணவர் சொன்னதும் இருக்கின்றன. நீங்கள் சொன்ன பதில் மட்டும் இல்லை. ஏன் இல்லை? அந்த நேரத்தில் உங்கள் கை போனில் இருந்தது. தண்ணீரில் உட்கார்ந்து உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த குழந்தைக்குத் தெரிந்தது, அம்மா தலைகுனிந்து எதையோ தட்டிக்கொண்டிருக்கிறாள் என்பதுதான். அவளுக்குக் கிடைத்த பதில் அதுதான்.

எந்த வயதில் பேசலாம் என்று என்னைக் கேட்பது வீண். இது உங்கள் துறை. பிறந்த குழந்தைக்கு எந்த நிறத்து முகமும் ஒன்றுதான். மூன்றே மாதத்தில், தன்னைச் சுற்றி அதிகம் காணும் முகங்களைப் போன்றவற்றை அது கூடுதல் நேரம் பார்க்கத் தொடங்குகிறது என்பது நீங்கள் அறியாததல்ல. உங்கள் வீட்டில் பேச்சு எப்போதோ தொடங்கிவிட்டது. தொடங்கி வைத்தவர் பாட்டி. நடத்திக்கொண்டிருப்பவள் நாலரை வயதுக் குழந்தை. நீங்கள் குறிப்பு எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அமெரிக்கக் கறுப்பின உளவியலாளர்களான கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதியின் பொம்மைச் சோதனை உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். மூன்று முதல் ஏழு வயதுவரையுள்ள 253 கறுப்பினக் குழந்தைகளின் முன் வெள்ளைப் பொம்மையையும் பழுப்புப் பொம்மையையும் வைத்து, எது நல்ல பொம்மை, எது உன்னைப் போல இருக்கிறது என்று கேட்டார்கள். பெரும்பாலோர் நல்லது என்று காட்டியது வெள்ளைப் பொம்மையை. உன்னைப் போன்றது எது என்ற கேள்வி வந்ததும் சில குழந்தைகள் அழுதுகொண்டே அறையைவிட்டு ஓடியிருக்கிறார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் 11ஆவது அடிக்குறிப்பில் கிளார்க்கின் ஆய்வுக்கும் இடம் கிடைத்தது. எல்லோரும் இதைச் சொல்வார்கள். அந்தத் தீர்ப்புக்கு எட்டு ஆண்டுகள் முன்பே, 1946இல், அதே தம்பதி ஹார்லெமில் குழந்தைகளுக்கு மனநல உதவி செய்ய ஒரு மையம் திறந்ததை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. அழுத குழந்தைகளை எழுதி வைத்ததோடு தங்கள் வேலை முடிந்தது என்று அவர்கள் இருந்துவிடவில்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. 2013-14 கல்வியாண்டில் அமெரிக்க அரசுப் பள்ளிகளின் மழலையர் வகுப்புகளில் கறுப்பினக் குழந்தைகள் 19 சதவீதம். அங்கே இடைநீக்கம் செய்யப்பட்டவர்களில் அவர்கள் 47 சதவீதம். இந்தத் துறையில் எழுதுகிற நீங்கள் அப்படிப்பட்ட குழந்தைகளின் வீட்டு வாசலில் நின்றிருப்பீர்கள். ஒவ்வொரு தாயிடமும் அனுமதி கேட்டிருப்பீர்கள், பிள்ளையின் பெயரை மாற்றியிருப்பீர்கள். உங்கள் மகளுக்காக யாரிடம் அனுமதி கேட்டீர்கள்? ஊரார் பிள்ளைக்குக் காட்டிய மரியாதை சொந்தப் பிள்ளைக்கு இல்லையா? ஆடையில்லாமல் தண்ணீரில் உட்கார்ந்து, உங்களை மட்டும் நம்பிக் கேட்ட கேள்வி அது. பதினான்கு வயதில் அவள் வகுப்புத் தோழி அதைப் படித்துவிட்டு வந்து கேட்டால் அவள் எங்கே போய் ஒளிந்துகொள்வாள்? கட்டுரையின் முதல் பத்தியை இன்றே நீக்குங்கள். ஆசிரியர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

மாமியாரை நீங்கள் திருத்த வேண்டாம். அது மகன் செய்ய வேண்டிய வேலை. “வயதானவர், விடு” என்பதை நான் மரியாதையில் சேர்க்க மாட்டேன், அது சோம்பேறித்தனம். பெற்ற தாயிடம் உட்கார்ந்து, “அம்மா, என் பெண் தோலைத் தேய்த்து எடுக்கப் பார்க்கிறாள், இனி அந்தச் சொல் இந்த வீட்டில் வேண்டாம்” என்று சொல்லும் கடமை அவருடையது. மருமகள் சொன்னால் அது சண்டையாகிவிடும். மகன் சொன்னால் அந்த அம்மாளுக்கு உறைக்கும். அவரும் சிறுமியாக இருந்தபோது இதே சொல்லைக் கேட்டு வெயிலிலிருந்து உள்ளே ஓடியவராகத்தான் இருப்பார்.

அதன்பின் அவரை ஒதுக்கி வைக்காதீர்கள். பாட்டி இல்லாமல் இந்தக் காயம் ஆறாது என்றே நான் நம்புகிறேன். கிரேயோலா நிறுவனம் ‘தோல் நிறம்’ என்று விற்றுவந்த வெளிர் கிரேயானின் பெயரை 1962இல்தான் ‘பீச்’ என்று ஒரு பழத்தின் பெயராக மாற்றியது. 2020இல் மனிதத் தோல் நிறங்களுக்கென்றே 24 கிரேயான்கள் கொண்ட பெட்டியைக் கொண்டுவந்தது. அதில் ஒன்று வாங்குங்கள். நான்கு பேரும் தரையில் உட்கார்ந்து, அவரவர் கையைக் காகிதத்தில் வைத்து வரைந்து, அவரவர் நிறத்தைத் தேடுங்கள். பாட்டியின் புறங்கைக்கு ஒரு நிறம், உள்ளங்கைக்கு வேறு நிறம் தேவைப்படும். அதைக் குழந்தையே கண்டுபிடிக்கட்டும். கிளார்க் தம்பதியும் குழந்தைகளிடம் கிரேயான்களைக் கொடுத்து உன் நிறத்தைத் தீட்டு என்றார்கள்; தங்களுடையதைவிட வெளிர் நிறத்தைத் தேர்ந்தெடுத்த குழந்தைகள் இருந்தார்கள். உங்கள் மகளும் அப்படி எடுத்தால் பதறாதீர்கள், கையிலிருந்து பிடுங்காதீர்கள். ஏன் அதை எடுத்தாய் என்று கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்காமல் இருங்கள்.

இதற்கெல்லாம் முன்பு, இன்று இரவு ஒரு வேலை இருக்கிறது. போனைக் குளியலறைக்கு வெளியே வைத்துவிட்டுப் போங்கள். “அன்றைக்கு ஒன்று கேட்டாயே, அம்மா பதில் சொல்லவில்லை, தப்பு” என்று தொடங்குங்கள். எத்தனை நாள் தேய்த்தாலும் இது போகாது, போகவும் வேண்டாம், இது அம்மாவிடமிருந்தும் அப்பாவிடமிருந்தும் உனக்கு வந்தது என்று அவள் கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். உங்கள் கையை அவள் கைக்குப் பக்கத்தில் வைத்துச் சொல்லுங்கள். நாளைக்கும் கேட்பாள், நாளைக்கும் சொல்லுங்கள்.

அவள் என்ன பதில் சொன்னாள் என்பதை எனக்கும் எழுத வேண்டாம்.